நூற்றெட்டும் நூற்றுப் பன்னிரண்டும்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நவம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, எங்கள் கிராமச் சங்கத் தலைவரும், முப்பத்தொரு ஆண்டுகள் நெடுஞ்சாலையில் பனி தள்ளி ஓய்வு பெற்றவருமான ஹில்டிங், வோல்வோவின் சக்கரங்கள் வோல்க்ஸ்வாகனுக்குப் பொருந்தும் என்று தீர்ப்பு வழங்கினார். வழங்கும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எதிரே நின்று கேட்ட பொதுமக்கள் இரண்டு பேர். ஒருத்தி கூன்வோர், எழுபத்து மூன்று வயது, காருக்குச் சொந்தக்காரி. இன்னொருவன் அடுத்த வீட்டுக்காரனான நான், ஜாக்கியைப் பிடித்துக்கொள்ள அழைக்கப்பட்டவன்.

கூன்வோரின் புருஷன் அஸ்ஸார் வசந்த காலத்திலிருந்து நகரத்து முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இரண்டாவது பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு போய்விட்டது, வாயைத் திறப்பதும் ஏறக்குறைய போய்விட்டது. அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் உதட்டை இறுக்கிக்கொள்வார். கூன்வோர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டியால் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவாள். வாய் திறக்கும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்த இரண்டு தட்டுக்காக, முப்பத்து நாலு கிலோமீட்டர் போய், முப்பத்து நாலு கிலோமீட்டர் திரும்பி வருவாள். ஏழு மாதத்தில் ஒரு நாள் தவறவில்லை.

செப்டம்பரில் பழைய வோல்வோ தகுதிச் சோதனையில் தோற்று, இரும்புக் கடைக்குப் போனது. மகள் தன்னுடைய வோல்க்ஸ்வாகனைக் கொடுத்தாள், கோடை டயர்களோடு. முந்தின நாள் முதல் பனி விழுந்தபோது, அந்த டயர்கள் திரும்பி வரும் வழியில் பாலத்தருகே கூன்வோரைப் பத்திரமாகப் பள்ளத்தில் இறக்கிவிட்டன. இழுத்துப் போட்ட மர லாரிக்காரன், அடுத்த தடவை கூப்பிடாதே, சவப்பெட்டிக்காரனைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனானாம். டயர் கடையில் டிசம்பர் பதினேழுக்கு நேரம் கொடுத்தார்கள். சனி, ஞாயிறுகளில் பஸ் கிடையாது. என் காரை என் மனைவி ஆஸ்பத்திரி வேலைக்கு எடுத்துப் போய்விட்டாள், வர மத்தியானம் மூன்று மணி ஆகிவிடும். ஆனால் கூன்வோரின் கொட்டகையில் வோல்வோவின் குளிர்காலச் சக்கரங்கள் நாலும் இருந்தன. பனியில் வழுக்காமலிருக்க ஆணி பதித்தவை, இரண்டே குளிர்காலம் ஓடியவை. கார் செத்தும் காலணி சாகவில்லை.

"துளை அஞ்சு, போல்ட் அஞ்சு. இதுல என்ன ஆராய்ச்சி?" என்றார் ஹில்டிங். என்றாலும் தலைவர் என்பதால் ஆராய்ச்சி செய்தார். சட்டைப் பையிலிருந்து மடக்கு அளவுகோலை எடுத்து, கோடைச் சக்கரம் ஒன்றைக் கழற்றச் சொல்லி, இரண்டிலும் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு அளந்தார். "இங்க அறுபத்தஞ்சு மில்லி. அங்கயும் அறுபத்தஞ்சு." ஹில்டிங்கின் ஓட்டுநர் உரிமத்தைக் கண் மருத்துவர் ஈஸ்டரின்போதே பறித்துவிட்டார் என்பது ஊருக்கே தெரியும். இதயத்துக்கு நல்லதென்று நடப்பதாக ஹில்டிங் சொல்வதும், நாங்கள் தலையாட்டுவதும் வழக்கம். நானும் குனிந்து பார்த்தேன். ஒன்று அறுபத்து நாலுக்குக் கொஞ்சம் கீழே, மற்றது அறுபத்தாறுக்குக் கொஞ்சம் கீழே. சொல்லியிருக்கலாம். இந்த நாட்டில் அரசரைத் தவிர எல்லோரும் 'நீ'தான், யாரும் யாரையும் மறுத்துப் பேசலாம். ஆனால் கூன்வோர் ஏற்கெனவே கோட்டும் காலணியும் போட்டு, கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள். பொருந்தட்டுமே என்று எனக்கும் ஆசையாக இருந்தது. ஆசை வந்தால் இரண்டு மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஹில்டிங்காக இருக்க வேண்டியதில்லை.

சக்கரங்களைப் புரட்டினோம். அஸ்ஸார் ஒழுங்கான மனிதர். ஒவ்வொரு டயரின் உள்பக்கத்திலும் சாக்கட்டியால், இடது முன், வலது பின் என்று சுருக்கி எழுதியிருந்தார். கூன்வோர் கையுறையைக் கழற்றி, எழுத்தின் பக்கத்தில், எழுத்தைத் தொடாமல், விரல் வைத்தாள். சாக்கட்டிக்குக் கீழே ரிம்மில் வெள்ளைப் பெயிண்டால் ஓர் எண்ணும் இருந்தது. நாலு சக்கரத்திலும் அதே எண்: 108.

எனக்கு நூற்றெட்டு என்றால் பிள்ளையார் கோவிலில் உடைத்த தேங்காய்தான் நினைவுக்கு வந்தது. இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியும் அந்தத் தேங்காய் என்னை விடவில்லை. ஹில்டிங்குக்கு அப்படிப்பட்ட குழப்பங்கள் கிடையாது.

"போல்ட்டை எவ்வளவு இறுக்கணும்னு எழுதி வச்சிருக்கான். அஸ்ஸார்னா அஸ்ஸார்தான். நம்மள மாதிரி கைக்கு வந்த மட்டும் முறுக்குற ஆளா அவன்?"

முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனரை நூற்றெட்டில் வைத்தார். முதல் போல்ட் வெண்ணெய் மாதிரி இறங்கியது. ஹில்டிங் என்னைப் பார்த்தார், நான் கூன்வோரைப் பார்த்தேன். இரண்டாவது கொஞ்சம் முனகியது. மூன்றாவது கோணலாக நின்றது. குளிரில் இரும்பு சுருங்கும் என்று தலைவர் விளக்கி, ஸ்பேனர் மேல் ஏறி நின்றார். ஏதோ ஒன்று கிறீச்சிட்டு உள்ளே போனது. நாலாவதும் ஐந்தாவதும் துளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வர மறுத்தன.

மணி பத்தே முக்கால். மூணு போல்ட் போதாதா என்று கூன்வோர் கேட்டாள். ஹில்டிங் தாடையைத் தடவினார். ஒரு பக்கம் மட்டும் மூணு என்றால் மெதுவாகப் போகலாம் என்றார். மற்ற மூன்று சக்கரங்களும் இன்னும் கோடையிலேயே இருந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஜாக்கியை இறக்கச் சொல்லி, ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பிவிட்டாள். கார் நாலு மீட்டர் போனது. அந்தச் சக்கரம் நொண்டி ஆடு மாதிரி தலையாட்டி, டொக், டொக் என்றது. நின்றுவிட்டாள். கதவைத் திறக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்து, கைப்பேசியில் தேடினேன். வோல்வோவின் ஐந்து துளைகளும் நூற்றெட்டு மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்தவை. வோல்க்ஸ்வாகனுடையவை நூற்றுப் பன்னிரண்டு. நான் பிறந்த ஊரில் ஆம்புலன்ஸுக்கு அழைப்பது நூற்றெட்டு, இங்கே நூற்றுப் பன்னிரண்டு. எதை அழைப்பது என்று தெரியாமல் பனியில் நின்றேன். அஸ்ஸார் எங்கள் எல்லோருக்கும் பதிலை முன்கூட்டியே, அதுவும் அழியாத பெயிண்டில், நாலு பிரதி எழுதி வைத்திருந்தார்.

கோடைச் சக்கரத்தையாவது திரும்ப மாட்டலாமென்று வோல்வோ சக்கரத்தைக் கழற்றப் போனோம். கிறீச்சிட்ட மூன்றாவது போல்ட் அசையவில்லை. ஸ்பேனரில் நானும் ஹில்டிங்கும் சேர்ந்து தொங்கினோம். ஹில்டிங்கின் மூக்கிலிருந்து சொட்டிய நீர் கழுத்துத் துண்டில் உறைந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு அந்த அளவுகோல் தெரியல கூன்வோர்," என்றார். "மார்ச்லேருந்தே எதுவும் சரியாத் தெரியல."

"அது எனக்குத் தெரியும் ஹில்டிங்."

"அப்புறம் ஏன் என்னைக் கூப்பிட்டே?"

"பொருந்தும்னு சொல்ற ஆள் நீ ஒருத்தன்தான் இருந்தே."

உள்ளே கூட்டிப்போய்க் காப்பி ஊற்றினாள். கோட்டைக் கழற்றவில்லை. மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருப்பதில் கவனமாக இருந்தோம். பன்னிரண்டு அடித்தது. ஹில்டிங் இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிட்டு, வாயில் போடாமல் தட்டிலேயே வைத்தார். மூன்று மணிக்கு என் மனைவி வந்ததும் நானே கூட்டிப் போகிறேன் என்றேன். சாப்பாடு பன்னிரண்டுக்கு, என்றாள். ஜன்னலுக்கு வெளியே கார் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது, கூரையில் பனி ஏறிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டே காலுக்கு அவளே இல்லத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாள். வர முடியாததைச் சொல்லி, அவர் பட்டினி கிடக்கிறாரா என்று கேட்டாள். மறுமுனையில் ஒரு பெண் குரல் நிறையப் பேசியது. கூன்வோர் "ம்" போட்டுக் கேட்டாள். "ம்" நின்றது. நன்றி சொல்லி வைத்தாள். பிறகு கோட்டின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் ஹில்டிங்.

புதிதாகச் சேர்ந்த பெண்ணாம். அஸ்ஸாரைப் பற்றி எதுவும் தெரியாதாம். கஞ்சி ஒட்டிக்கொண்டதென்று கரண்டியைத் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாளாம்.

முழுத் தட்டும் சாப்பிட்டாராம்.