இரண்டாவது விருப்பம்

காலை ஐந்தரைக்கு எழுகிறேன். பல் தேய்க்கிறேன். குவளையில் இரண்டு பிரஷ்கள் இருக்கின்றன. நீலம் என்னுடையது. பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றுகிறேன். பொங்குவதற்கு முன் அடுப்பை அணைக்கிறேன். காபி குடிக்கிறேன். குளிக்கிறேன். சட்டை போட்டுக்கொண்டு பையைத் தொட்டுப் பார்க்கிறேன். பேனா இல்லை. பிறகு வாசல் கதவைத் திறந்து, என் இரண்டாவது விருப்பத்தைக் கேட்க நிற்பவர்களிடம் இன்றைக்கும் இல்லை என்று சொல்கிறேன்.

"சரி தம்பி" என்று அவர்கள் கலைந்துபோகிறார்கள்.

எங்கள் பதினான்காவது வார்டில் தேர்தல் முடிந்து நாற்பத்தோரு நாள் ஆகிறது. முடிவு என்னிடம் இருக்கிறது.

இந்தத் தேர்தலைக் கொண்டுவந்தவள் என் மனைவி சுகிர்தா. ஒருவருக்கு மட்டும் ஓட்டுப் போடாமல், வேட்பாளர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போடும் முறை. கடைசியில் நிற்பவரை நீக்குவார்கள். அவருக்கு ஒன்று போட்டவர்களின் ஓட்டு, அவர்கள் இரண்டு போட்டவருக்குப் போகும். யாராவது பாதியைத் தாண்டும்வரை நீக்கிக்கொண்டே இருப்பார்கள். இதைக் கேட்டு இரண்டு வருடம் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கினாள். டீக்கடைகளில்தான் அதிகம் பேசுவாள்.

"பஜ்ஜி இல்லன்னா வடை. வடை இல்லன்னா முறுக்கு. இதத்தான அண்ணாச்சி நீங்க தெனமும் செய்திய?"

"எனக்கு பஜ்ஜி மட்டுந்தான் வேணும்னா?" என்று ஒருவர் கேட்டார்.

"அப்ப ஒன்னு மட்டும் போடுங்க. பஜ்ஜி தீந்துட்டுன்னா ஒங்க ஓட்டும் தீந்துரும். வெறும் டீயக் குடிச்சிட்டு வீட்டப் பாத்துப் போவ வேண்டியதுதான்."

கடையே சிரித்தது. அந்த ஆள் கையெழுத்துப் போட்டார்.

ஏழு மாதத்துக்கு முன், கையெழுத்து வாங்கப் போன ஒரு வீட்டு வாசலில் அவளுக்கு மூளையில் ஒரு நரம்பு வெடித்தது. நாலாயிரத்துப் பன்னிரண்டாவது கையெழுத்து பாதியில் நிற்கிறது.

அதன் பிறகு மாநகராட்சி ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு வார்டில் சோதனை. ஒப்புக்கொள்வார்கள் என்று நம்பி சுகிர்தா முன்பே வேட்புமனு கொடுத்திருந்தாள். இறப்புச் சான்றிதழை நான் அடுத்த ஜன்னலில் கொடுத்தேன். இரண்டு ஜன்னல்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே வாக்குச்சீட்டில் அவள் பெயர் வந்தது. சின்னம் சீப்பு. வீட்டிலிருக்கும் சீப்பில் ஆறு முடி இருக்கிறது.

மொத்தம் ஒன்பது வேட்பாளர்கள். எல்லாரும் வார்டுக்காரர்கள். ஒருவருக்கு ஒன்று போட்டால் மற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்தார்கள். யாரும் யாரோடும் கலந்து பேசவில்லை. மூவாயிரத்து எழுநூறு பேரும் ஒன்பது பேருக்கும் இரண்டு போட்டுவிட்டு வந்தார்கள். திரும்பும் வழியில் எதிர்ப்பட்ட வேட்பாளர்களிடம் "ஒங்களுக்குத்தான்" என்று சொன்னார்கள். அது பொய்யும் இல்லை.

ஒன்று இல்லாத சீட்டு செல்லாது. செல்லுகிற சீட்டு ஒன்றுதான் இருந்தது. என்னுடையது. சுகிர்தாவுக்கு ஒன்று போட்டிருந்தேன். மற்ற கட்டங்களுக்குக் கை போகவில்லை.

ரகசிய வாக்கு என்பதால் என் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதவில்லை. வீட்டு எண்ணை மட்டும் எழுதினார்கள்.

சுகிர்தா நூறு சதவீதம் வாங்கியிருந்தாள். பதவியேற்க வரச் சொல்லி மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றும் 'வீட்டில் இல்லை' என்று திரும்பிப் போயின. வராதவரை நீக்க வேண்டும். நீக்கினால் ஓட்டு என் இரண்டாவது விருப்பத்துக்குப் போகும். அவர்தான் கவுன்சிலர்.

விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. ஓட்டு நகர்ந்துவிட்டால் அது முதலில் இருந்த இடத்தில் இருந்ததே இல்லை என்று ஆகும். போட்டவருக்கு, நீக்கப்பட்டவரைத் தெரியாது என்று ஆகும். பிறகு தெரியும் என்று சொல்லக் கூடாது. சொல்லவும் வராது.

இன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகும் எதிர்வீட்டு அருமைநாயகம் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் குழாய்ச் சின்னம். மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து அவருடைய வலது முழங்கையில் தண்ணீர் வருகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஆறிலிருந்து ஏழுவரை. அவர் மனைவி ஞானம்மாள் அக்கா கீழே வாளி வைத்திருந்தாள்.

"தம்பி, நான் ஒன்னும் கேக்க வரல" என்றார்.

"சரி அண்ணாச்சி."

"ரெண்டுன்னு ஒரு சின்னக் கிறுக்கு. அதுக்குப் போயி வார்டே நிக்கி."

"ஏன் அந்தப் பிள்ளையப் போட்டு நச்சரிக்கிய?" என்றாள் அக்கா. "கைய நேராப் பிடிங்க. வெளிய சிந்துது."

அவர் கையை நேராகப் பிடித்தார். அக்கா என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டாவது ஆளுன்னு ஒன்னு இருந்தா மொத ஆளு கொறஞ்சு போயிருமா தம்பி? எங்க வீட்டு அவியளுக்கு நானே ரெண்டாவது விருப்பந்தான். மொதல்ல பாத்தது எங்க பெரியம்மா மவள. முப்பது வருசம் ஓடல?"

முழங்கையில் தண்ணீர் நின்றது.

"இப்ப அது எதுக்கு?" என்றார் அண்ணாச்சி.

"நான் ஓட்டச் சொல்லுதேன்."

"ஓட்டத்தான் சொல்லுதாளாம்."

"வேறயுந்தான் சொல்லுதேன். எங்க தங்கச்சி மவ ஒருத்தி நர்சிங் முடிச்சிருக்கா."

"அக்கா, நான் பள்ளிக்கூடத்துக்குப் போகணும்" என்றேன்.

"போயிட்டு வாங்க. வெறும் வயித்தோட போவாதிய."

வாளி பாதி நிறைந்திருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தெருமுனையில், சுகிர்தாவோடு கையெழுத்து வாங்கிய இயக்கத்துக்காரர்கள் ஃபிளக்ஸ் வைத்திருந்தார்கள். சுகிர்தாவின் படம். எங்கள் கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. என் இடது தோள் மட்டும் மிச்சம் இருந்தது. கீழே, 'வரிசை வெல்லும். அவர் கடைசியாகச் சொன்னது' என்று போட்டிருந்தார்கள். இயக்கத்தில் இப்போது நான்கு பேர். நான்கு பேருக்கும் தலைவர் பதவி வேண்டும். எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் கூடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அவள் கடைசியாகச் சொன்னது அது இல்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

எண்ணிக்கை நடப்பது மாநகராட்சிப் பள்ளியில். ஐந்தாம் வகுப்பு அ பிரிவில் தொடங்கியது. நான் அங்கே போய் இன்றைக்கும் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் வராந்தாவில் ஒரு வகுப்பறை கூடும். தேர்தல் அலுவலர் மேசையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். ஆ பிரிவு, இ பிரிவு. போன வாரம் ஔ பிரிவில் இருந்தார்.

இன்றைக்கு நடக்க வெகு நேரம் ஆனது. கடந்து போன அறைகளில் ஒவ்வொரு வேட்பாளரும் ஒரு கரும்பலகையைப் பிடித்திருந்தார்கள். சுகிர்தா கடைசியாகச் சொன்னதை அவரவர் கையெழுத்தில் எழுதிவைத்திருந்தார்கள். ஈ பிரிவில், 'சாலை வசதி'. ஊ பிரிவில், 'எனக்கப்புறம் குழாய்'. ஐ பிரிவில், 'யாரையும் குறை சொல்லாதீர்கள்'. அது கொஞ்சம் அவள் சொல்லக்கூடியதுதான். நின்று பார்த்தேன். ஆனால் அவள் சொல்லவில்லை.

வராந்தா ஃ பிரிவில் முடிந்தது. அதற்குப் பிறகு சுவர். சுவருக்குப் பிறகு வேறு வார்டு.

தேர்தல் அலுவலர் ஆவுடையம்மாள் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் தாடையைத் தொட்டது. பின்னால் கரும்பலகையில் சுகிர்தா என்று எழுதி, பக்கத்தில் 1 என்று போட்டிருந்தது.

"பேரு?"

"எட்வின்."

"இருக்கியளா?"

"இருக்கேன்."

"அதுக்குப் படிவம்?"

"போன தடவை கொடுத்தேனே மேடம்."

"அது போன தடவை இருந்ததுக்கு."

புதிய படிவத்தைக் கொடுத்தேன். முன்பே வாங்கி, சான்றும் பெற்றிருந்தேன். இருக்கிறேன் என்பதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். அருமைநாயகம் அண்ணாச்சியும் அக்காவும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அண்ணாச்சியின் கையெழுத்து ஈரத்தில் பரவியிருந்தது. மேடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

"இதுக்கு மேல அறை கெடையாது. எழுத்து முடிஞ்சுட்டு" என்றார். "இன்னைக்கு ரெண்டாவது விருப்பத்த எழுதிரணும்."

"எழுதலன்னா?"

"ஒங்க சீட்டு தீந்துரும். அவிய பேர அழிச்சிருவோம்."

"எழுதினா?"

"அப்பமும் அழிச்சிருவோம். ஆனா வார்டு இருக்கும். எழுதலன்னா வார்டையும் எடுத்துருவாவ. பதிமூனுக்கு அடுத்தாப்ல பதினஞ்சு."

"வேற வழி இல்லையா மேடம்?"

"வேற வழிக்கும் ஒரு கட்டம் இருந்துச்சு. போன திருத்தத்துல எடுத்துட்டாவ."

அவர் என் சீட்டை மேசையில் வைத்தார். ஒன்பது சின்னங்கள். சீப்புக்கு எதிரே நான் போட்ட ஒன்று. மற்ற எட்டும் வெள்ளையாக இருந்தன. குழாய்ச் சின்னத்தைப் பார்த்தேன். வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனவர்களை நினைத்தேன். வார்டு போனால் அவர்கள் வீடு எங்கே போகும் என்று தெரியவில்லை. அண்ணாச்சிக்கு ஒரு இரண்டு போட்டுவிடலாம் என்று முதல் முறையாகத் தோன்றியது.

"பேனா குடுங்க மேடம்" என்றேன்.

"இது ஆபீஸ் பேனா. ரெண்டாவது விருப்பத்த அவங்கவங்க சொந்தப் பேனாவுலதான் எழுதணும். ஒங்க பேனா எங்க?"

பையைத் தொட்டுப் பார்த்தேன்.

"இல்லை."

"வீட்ல?"

"இல்லை."

"தேடிப் பாத்தியளா?"

"தேடல."

"நாப்பத்தோரு நாளா?"

"ஏழு மாசமா."

"நல்லா இருக்கே கத. ஒரு பேனா. மேச டிராயர இழுத்துப் பாத்தா தீந்துட்டு. ஏன் தேடல?"

நான் கையைப் பையிலிருந்து எடுத்தேன்.  அவர் தீர்ந்தது என்ற முத்திரையை எடுத்து, ஊதி, என் சீட்டில் குத்தினார். சத்தம் வராந்தா முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. ஒவ்வொரு அறையாக மின்விசிறி நிற்பது கேட்டது.

ஈரத்துணியோடு எழுந்து கரும்பலகை முன் போய் நின்றார். முதலில் ஒன்றை அழித்தார்.

"கடைசியா ஒரு கட்டம் இருக்கு. நீக்கப்பட்டவர் கடைசியாகச் சொன்னது. அத மட்டும் கோப்புல வப்போம். அதுக்கு ஒங்க பேனா வேண்டாம். நானே எழுதிக்கிடுதேன்."

சு அழிந்தது.

"வெளிய பலகையிலயும் ஃபிளக்ஸ்லயும் எழுதிருக்காவளே. அதுல ஒன்ன எடுத்துக்கிடட்டா? 'வரிசை வெல்லும்'. நல்லா இருக்கு. தலைப்புக்கு ஆவும்."

"அது அவ சொன்னது இல்ல."

"அப்ப நீங்க சொல்லுங்க. வெரசலா சொல்லுங்க. பேர் போயிட்டுன்னா ஒங்களுக்கு அவியளத் தெரியாது. பொறவு கேட்டு பிரயோசனம் இல்ல."

கி அழிந்தது. அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். ஃபிளக்ஸில் இருந்த முகம்தான் வந்தது. என் தோள் பக்கத்தில் இருந்தது. அது யாருடைய தோள் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

ர் அழிந்தது.

பலகையில் தா மட்டும் இருந்தது. அது ஒரு பெயரின் கடைசி எழுத்து என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. ஒரு பெண் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். தோளில் மனுக்கள் இருந்த துணிப்பை. ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தாள். நான் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. குரல் மட்டும் கேட்டது.

மேடம் துணியை உயர்த்தினார்.

"சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.

"ஒங்க பேனாவ எடுத்துட்டுப் போறேன். தேடிக்கிட்டு இருக்காதிய."