முதுகுப்பக்க ஜிப்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, கடைக்கு வந்தது. போன வியாழக்கிழமை மத்தியானம் நான் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, காரமே இல்லாமல் கறி என்று பேர் வைத்திருக்கும் 'ஸ்காலப் பை' என்ற சிப்பிப் பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தேன். நெரிடா உள்ளே வந்து கடலில் முங்கப் போடும் தன் பழைய டிரைசூட்டை மேசைமேல் போட்டாள். கவட்டுத் தையல் விட்டுப்போய், முந்தின சனிக்கிழமை இரண்டு காலிலும் தண்ணீர் ஏறியிருக்கிறது. பதினோரு டிகிரித் தண்ணீர்.

"இதுக்குமேல ஒட்டுப்போட முடியாது. புதுசு காட்டு," என்றாள். "இந்தத் தடவை ஜிப் முன்னாடி இருக்கணும்."

அவள் பின்னாலேயே வந்த டூகல், கையுறை அடுக்கைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டான். டூகல் அவளுடைய முன்னாள் கணவன். விவாகரத்தாகி ஆறு வருஷமாகிறது. கையுறையில் பார்க்க அப்படி ஒன்றும் இல்லை, எல்லாம் கறுப்பு.

(நான் யார் என்று கேட்பீர்கள். ஈகிள்ஹாக் நெக்கில் ஒரு டைவிங் கடையில் பதினெட்டு வருஷமாக வேலை. அறவாழி என்ற என் பெயரை இந்த ஊர் வாலி என்று சுருக்கிக்கொண்டது. மறைந்திருந்து அம்பு விடுகிறவர்கள் டாஸ்மேனியாவில் இல்லை என்பதால் ஒப்புக்கொண்டேன்.)

2

கதைக்குள் போகுமுன் ஒரு சமாச்சாரம். வெட்சூட் தண்ணீரை உள்ளே விடும். டிரைசூட் விடாது. உள்ளே கம்பளி மாட்டிக்கொண்டு, ஊட்டிக்குப் போகிறவன்போல் கடலுக்குள் போகலாம். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். வாங்கும்போது கம்பளியோடு போட்டுப் பார்க்க வேண்டும். குந்தி உட்கார வரவேண்டும், கைகளைக் கட்டிக்கொள்ள வரவேண்டும். கண்ணாடியில் அழகாகத் தெரிகிற சூட்டில் அனேகமாக இரண்டும் வராது. கழுத்துப் பட்டை இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு வளையமாக வெட்டித் தளர்த்தலாம். பார்த்து வெட்ட வேண்டும், வெட்டினால் ஒட்டாது. (எழுதுவதும் இப்படித்தான் என்று ஒரு வரி எழுதினேன். யோசித்தால் எழுத்தில் வெட்டியதை மறுபடி ஒட்டலாம். உவமை பொருந்தவில்லை, விடுங்கள்.)

இனி ஜிப். பழைய மாதிரியில் அது ஒரு தோளிலிருந்து மறுதோள்வரை முதுகுப் பக்கம் ஓடும். தன் கையால் போட்டுக்கொள்ள முடியாது, ஓர் ஆள் வேண்டும். புது மாதிரியில் தோளிலிருந்து இடுப்புக்கு முன்பக்கமாகச் சாய்ந்து இறங்கும். யாரும் வேண்டாம்.

நெரிடாவுக்கு ஆள் டூகல், டூகலுக்கு நெரிடா. சனிக்கிழமை காலையில் படகு இறக்கும் சரிவில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி நிற்பார்கள். டூகல் ஜிப்பை இழுத்து மூடுவான், நுனியை இரண்டு முறை சுண்டிப் பார்ப்பான், அவள் தோளில் தட்டுவான். அப்புறம் அவள் முறை. நீதிமன்றம் வீட்டைப் பிரித்தது, நாயை யாரிடம் விடுவது என்றுகூடத் தீர்மானித்தது. சனிக்கிழமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

3

முதல் தொடக்கம்: டூகல் இறந்து ஒரு வருஷம் கழித்து நெரிடா முதன்முறையாகத் தனியே

இங்கே நிறுத்திவிட்டேன். கதைகளில் கணவன்கள் கொசுவைவிட வேகமாகச் சாகிறார்கள். போதாக்குறைக்கு, நான் இதை எழுதும்போது அவன் எதிர்க் கடையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் தொடக்கம்: அன்று டூகல் ஜிப்பை இரண்டு விரல்கடை மூடாமல் விட்டுவிட்டான். பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் நெரிடாவின் முதுகெலும்பு வழியாகக் கடல்

இது பரவாயில்லை. பயம் இருக்கிறது, துரோகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அளவு கொடுக்க வந்தவளிடம் இரண்டையும் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். கையைத் தூக்கி நின்றவள் இறக்கவே இல்லை.

"முதல் கதையில அவனைக் கொன்னுட்டியா?"

"கொன்னேன். அப்புறம் மனசு கேக்காம உயிர் குடுத்துட்டேன்."

"சரி, அது உன் இஷ்டம். ஆனா ரெண்டாவது பொய். அவன் ஒரு தடவகூட ஜிப்பைத் திறந்து விட்டதில்ல. ரெண்டு பேரும் வக்கீல் வெச்சு அடிச்சுக்கிட்டிருந்தோமே, அந்த மாசத்துலகூட. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். வருவான், போடுவான், சுண்டிப் பாப்பான், தட்டுவான். தண்ணிக்குள்ள போயிடுவோம். அங்க எப்படியும் பேச முடியாது."

என் நல்ல தொடக்கம் இப்படிப் போயிற்று. நான் சட்டென்று கேட்டேன், அப்புறம் எதற்கு முன்பக்க ஜிப் என்று.

4

அவள் பூட்ஸை மாட்டிப் பார்த்தபடி சொன்னாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அதுதாண்டா பிரச்னை. ஆறு வருஷமா அவன் எனக்காக வர்றானா, ஜிப்புக்காக வர்றானான்னு எனக்குத் தெரியல. நல்லவன். பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியைக்கூட ரோட்டுக்குத் தள்ளி வெப்பான். யாருக்கு உதவி வேணும்னாலும் வந்து நிப்பான். எனக்கு உதவி வேணாம்னா வருவானா? அதைப் பாக்கணும் எனக்கு."

அதுவரை நான் எழுதிக்கொண்டிருந்தது வேறு கதை என்று அப்போதுதான் புரிந்தது. அவள் அவனை விட்டுப் போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு, ஓட்டையைக் கண்டால் விரலை விட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டான். அவன் சூட்டும் முதுகு ஜிப்தானே என்றேன். அவனுக்குப் போட்டுவிடவாவது ஆள் வேண்டுமே, அதற்காகவே வருவான், அப்போது எப்படிக் கண்டுபிடிப்பாய் என்றேன். அவள் மாட்டியிருந்த பூட்ஸைக் கழற்றினாள். இதை அவள் யோசித்திருக்கவில்லை. பாவமாக இருந்தது, ஏன் வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது.

இருந்தும் வாங்கினாள். பழகாத சூட்டோடு கடலில் இறங்கக் கூடாது என்று அந்தச் சனிக்கிழமையை விட்டுவிட்டு, திங்கட்கிழமை பயிற்சிக் குளத்தில் பழகினோம்.

(பழகுவது பற்றி: கீழே போகப் போக சூட் உடம்பைப் பிடித்து இறுக்கும், நெஞ்சிலுள்ள பொத்தானை அழுத்திக் கொஞ்சம் காற்று விட வேண்டும். மேலே வரும்போது இடது கை வால்வு வழியே அதை வெளியேற்ற வேண்டும். மறந்தால் காற்று காலுக்குப் போய்விடும். நெரிடாவுக்கே பழைய சூட்டின் ஞாபகத்தில் ஒரு முறை போய்விட்டது. தலைகீழாக, இரண்டு பூட்ஸையும் தண்ணீருக்கு மேலே காட்டிக்கொண்டு மிதந்தாள். புரட்டி நிறுத்தியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, இதையும் எழுதப் போகிறாயா என்பது.)

5

இதுவரை படித்துப் பார்த்தேன். டூகல் சரியில்லை. கையுறை பார்க்கிறான், வறுவல் வாங்குகிறான். அவன் பக்கமும் ஏதாவது இருக்க வேண்டாமா? அவனுக்கு ஒரு நீண்ட வசனம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கடற்கரை, காற்று, அவன் கண்கள் லேசாக

அதற்குள் அவனே வந்துவிட்டான். இன்று காலை, தான் வேலை பார்க்கும் சிப்பிப் பண்ணையிலிருந்து நேராக, சேறு அப்பிய பூட்ஸோடு. தொங்குகிற சூட்டுகளில் தனக்கு ஆகிறது எது, முன்பக்க ஜிப் வைத்தது, இன்றைக்கே எடுத்துப் போகலாமா என்று ஒரே மூச்சில் கேட்டான். உன் சூட் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். அவன் ஒன்றை எடுத்து, ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தான்.

"நாளையிலேர்ந்து அவ ஜிப்பை அவளே போட்டுக்குவா. அப்ப அவ எதுக்கு வரணும்? எனக்குப் போட்டுவிட வரணும். ஐயோ பாவம்னு வருவா. எனக்கு அது வேணாம்."

"சரி."

"எனக்கும் ஆள் வேணாம்னு ஆயிடட்டும். அப்பவும் அவ வந்தா…"

முடிக்கவில்லை. இந்தக் கதையில் பாதியில் நிற்கிற மற்ற வாக்கியங்கள் நான் விட்டவை. இது டூகல் விட்டது.

அவளிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னால் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும் என்றான். கால் பக்கம் கொஞ்சம் பெரிதாக இருந்த ஒரு சூட்டைத் தடிச் சாக்ஸ் போட்டுச் சமாளித்துக்கொள்வதாகச் சொல்லி எடுத்துப் போனான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒரே பரீட்சை வைப்பதா? நான் கற்பனை செய்திருந்தால் செயற்கை என்று அடித்திருப்பேன். நடந்ததை என்ன செய்ய?

6

நாளை சனிக்கிழமை.

முடிவு ஒன்று: இரண்டு பேரும் வருகிறார்கள். தங்கள் தங்கள் ஜிப்பைப் போட்டுக்கொண்டு, அடுத்து கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

முடிவு இரண்டு: நெரிடா முதலில் வருகிறாள். அவன் வண்டி இல்லை. சரி, தெரிந்துவிட்டது என்று திரும்பிப் போகிறாள். ஐந்து நிமிஷம் கழித்து அவன் வருகிறான். அவள் வண்டி இல்லை. இந்தக் கரையில் யாரும் தனியாக இறங்குவதில்லை. அவனும் சூட் நனையாமல் வீடு திரும்பி, தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறான். இது நடக்கக்கூடியதும்கூட. அவளுக்கு நேரம் தவறாது. அவனுக்குப் பிந்தும். ஆறு வருஷமாக அவனுக்காகக் காத்திருந்தவள் நாளை எவ்வளவு நேரம் காத்திருப்பாள்?

முடிவு மூன்று: நான் போன் செய்கிறேன். இரண்டு பேர் நம்பரும் கல்லாவில் ஒட்டியிருக்கிறது. ஒரு வார்த்தை போதும். ஆனால் அப்புறம் அவர்கள் வந்தது என் வார்த்தைக்காகத்தான் என்று ஆகிவிடும், ஜிப் போய் வாலி வந்த கதையாக. இரண்டு முறை போனை எடுத்தேன், இரண்டு முறையும் வைத்துவிட்டேன்.

உங்களிடம் அவர்கள் நம்பர் இல்லை. ஆகவே இதை உங்களிடம் விடுவதில் ஆபத்து குறைவு.

ஒன்று மட்டும் செய்திருக்கிறேன். கடலிலிருந்து வருகிறவர்கள் சூட்டிலுள்ள உப்பைக் கழுவக் கடைக்குப் பின்புறம் ஒரு தொட்டி உண்டு. கடையைச் சாத்துமுன் அதில் நல்ல தண்ணீர் பிடித்து வைத்தேன். மேலே கம்பியில் சூட் உலர்த்துகிற அகலத் தோள் ஹேங்கர் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் ஒன்றை எடுத்துவிடலாம், இரண்டையும்கூட எடுக்கலாம், கதை உங்களுடையது.

ஆனால் நான் இங்கேதான் இருப்பேன். எடுத்தால் மறுபடி மாட்டிவிடுவேன்.