வெளியேறும் காட்சி

பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசியல் பரிமாறிவிட்டு கிஸ்லேன் ரூவியே வீடு திரும்பியபோது, அவள் அறையில் நான்கு பேர் சிவப்பு வெல்வெட் சோபா ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய எரிவாயு அடுப்பும், சிலை வார்க்கும் வெள்ளைச் சாந்து மூட்டைகளும், ஒரு கால் ஒடிந்த இரும்பு மேசையும் நடையில் கிடந்தன. உத்தரத்திலிருந்து கண்ணாடிச் சரவிளக்கு ஒன்று தொங்கியது. ஜன்னலோரம் ஒரு பெண் காலி வைன் பாட்டில்களைத் தள்ளி நின்று பார்த்துப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது என்னோட ரூம்," என்றாள் கிஸ்லேன்.

"தெரியும் மேடம். ஆனா கேமராவுல பார்த்தா சிற்பி ரூம் மாதிரியே தெரியல," என்றாள் அந்தப் பெண். மரியாதையாகத்தான் சொன்னாள்.

இருபத்திரண்டு வருடங்களாக அந்த அறையில் சிலை செய்துகொண்டிருப்பவள் கிஸ்லேன். வயது ஐம்பத்து நான்கு. சான் ஃப்ளூர் பக்கத்து மலைக்காட்டில் பத்தொன்பது வயதுவரை மாடு கறந்துவிட்டுப் பாரிசுக்கு ரயிலேறியவள். கலைக்கல்லூரி அவளை இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. சாந்து வார்க்கும் பட்டறை ஒன்றில் கூலிக்குச் சேர்ந்து தொழிலைப் பிடித்துக்கொண்டாள். இதுவரை ஐந்து கண்காட்சிகள் வைத்திருக்கிறாள். அதில் இரண்டுக்கு ஆட்கள் வந்தார்கள். தோற்றுப்போனவள் என்று அவளைப் பற்றி மற்றவர்கள் சொல்வதுண்டு. அவளுக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை. மத்தியானம் வரை பள்ளிக்கூடம், அதற்குப் பிறகு சாந்து. அவள் கேட்ட வாழ்க்கை அதுதான், அது கிடைத்திருந்தது.

பாரிசின் மெனில்மோந்தான் மேட்டில் இருந்த அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் பொத்தான் தொழிற்சாலை. இப்போது அதில் பதினோரு பேர் குடியிருந்து வேலை செய்தார்கள். பழைய முதலாளியின் வாரிசுகள் அதை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். கம்பெனி அதை இடித்து அடுக்குமாடி கட்ட நினைத்தது. காலிசெய்ய வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவும் வந்தாயிற்று. குளிர்காலத்தில் யாரையும் தெருவில் விடக்கூடாது என்று சட்டம் இருந்ததால் மார்ச் முப்பத்தொன்று வரைக்கும் மூச்சுவிட முடிந்தது. அதற்குள் சும்மா இருப்பானேன் என்று கம்பெனி கட்டடத்தைச் சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டது.

படத்தின் கதையோ தலைநகருக்குக் கனவோடு வந்து சேர்ந்த கலைஞர்களைப் பற்றியது. ஒரே கட்டடத்தில் எட்டுப் பேர். கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் அழுகை. குடியிருப்பவர்களே பின்னணியில் நடமாடினால் இயல்பாக இருக்கும் என்று இயக்குநர் வோக்லான் ஆசைப்பட்டார். கிஸ்லேனுக்குக் கிடைத்த வேடத்தின் பெயர் 'நடையில் போகும் பெண், நான்கு'.

கீழ்த்தளத்தில் நடனம் சொல்லிக்கொடுக்கும் ஃபொதே முதலில் முடியாது என்றான். "நம்ம வீட்டுல நாமளே வேஷம் கட்டணுமா? நாளைக்கு என்னை என் கட்டில்ல படுக்கிறவன்னு போடுவாங்க," என்றான். அவனைச் சம்மதிக்க வைத்தவர் ஆன்செல்ம். எழுபத்தொரு வயது. ஒப்பெரா இசைநாடக மேடையில் பாட வேண்டும் என்று ரூபே நகரத்திலிருந்து வந்து, ஒவ்வொரு தேர்விலும் இரண்டாம் சுற்றில் வெளியே வந்தவர். நாற்பது வருடங்களாக அடுத்தவர் கல்யாணத்திலும் அடுத்தவர் சாவிலும் தேவாலயங்களில் பாடி வந்தார். அவருக்கு மட்டும் படத்தில் ஒரு வசனம் கொடுத்திருந்தார்கள். 'போய் வருகிறேன் பாரிசே, உனக்கு நாங்கள் கட்டுப்படியாகவில்லை' என்ற அந்த ஒரே வரியை முற்றத்தில் நின்று காலையும் மாலையும் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒரு நாள் சோகமாக, மறுநாள் கேலியாக. தலைக்கு மேலே துணி காயப்போடும் பெண்கள், நேற்றுச் சொன்னதே தேவலை என்பார்கள். அந்தக் கிழவரின் ஆசையைக் கெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

கிஸ்லேனைப் போன்ற சிற்பியாக நடிக்க வந்தவள் பெரெனீஸ் என்ற நடிகை. தெருவில் போனால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிற முகம். சாந்து கலக்கக் கற்றுக்கொடுங்கள் என்று அவளே கிஸ்லேனைத் தேடி வந்து நின்றாள். இரண்டு நாளில் போய்விடுவாள் என்று கிஸ்லேன் நினைத்தாள். போகவில்லை. நகம் உடைந்தது, தோல் வெடித்தது, மூன்று வாளிச் சாந்து கல்லாக இறுகிப்போனது. நான்காவது வாளி சரியாக வந்தபோது அவள் சின்னப்பெண் மாதிரி கிஸ்லேனைக் கட்டிக்கொண்டாள். சட்டையெல்லாம் வெள்ளையாயிற்று.

ஒருநாள் வேலைக்கு நடுவே பெரெனீஸ் தன் கதைத்தாளை மேசையில் வைத்துவிட்டுப் போன் பேச வெளியே போனாள். கிஸ்லேன் கையைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். கட்டடத்தைக் காலிசெய்யும் காட்சி அது. எட்டுக் கலைஞர்களும் அக்கம்பக்கத்துக்காரர்களும் பெட்டியோடு முற்றத்தைக் கடக்கிறார்கள். அழுகைக்கு நடுவே ஒருவன் வேடிக்கை பேச எல்லோரும் சிரிக்கிறார்கள். சாவியைப் புதிதாக வரும் இளம் தம்பதியிடம் வீசிவிட்டு இறக்கத்தில் நடந்து மறைகிறார்கள். சிற்பி தன் ஊருக்கே திரும்பி, அண்ணனோடு பாலாடைக்கட்டி செய்து, முதல்முறையாக நிம்மதி அடைகிறாள்.

கிஸ்லேன் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கதைத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த வோக்லானிடம் போனாள்.

"இவ ஏன் ஊருக்குப் போறா?"

வோக்லான் நல்ல மனிதர்தான். முதல் நாளிலிருந்து அவளை நலம் விசாரிக்காமல் தாண்டிப் போனதில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"அது ஒரு சமாதானம் மேடம். நகரம் தோக்கடிச்சாலும் வாழ்க்கை தோக்கலன்னு காட்டுறோம். ஜனங்க லேசா கண்ணைத் துடைச்சிக்கிட்டு வீட்டுக்குப் போவாங்க."

"எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான். பேர் ரெஜிஸ். அவன் வீட்டுல ஒரு நாற்காலிதான் உபரி. அதுல பூனை படுத்திருக்கும். போன தடவை போனப்ப அதை எழுப்ப அவனுக்கு மனசு வரல."

வோக்லான் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"எங்களை நகரம் தோக்கடிக்கல, சார். ஒரு கம்பெனி நோட்டீஸ் ஒட்டியிருக்கு. அது வேற, இது வேற. இவங்க எல்லாம் சிரிச்சிக்கிட்டே போயிட்டாங்கன்னு நீங்க காட்டினா, நாளைக்கு எங்களை வெளிய தள்ளுறப்பவும் ஜனங்க அப்படித்தான் நினைப்பாங்க."

இது சினிமா, வழக்கு இல்லை என்றார் அவர். எழுதி, பணம் போட்டவர்கள் ஒப்புக்கொண்டு, நாளும் குறித்தாயிற்று என்றார். மன்னிக்கச் சொன்னார். உண்மையாகவே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை.

கிஸ்லேன் யாரிடமும் எதுவும் சொல்லிவைக்கவில்லை. கூட்டம் போடவில்லை, திட்டம் தீட்டவில்லை. பின்னாளில் ஃபொதேயே அவளிடம் கேட்டபோதும், அந்த நிமிஷம் வரைக்கும் தனக்கே தெரியாது என்றுதான் சொன்னாள்.

மார்ச் இருபத்தெட்டு, பிற்பகல் மூன்று மணி. வெயில் முற்றத்தின் ஒரு பாதியில் மட்டும் விழும் நேரம். அந்த வெளிச்சத்துக்காகவே வோக்லான் காலையிலிருந்து காத்திருந்தார். எல்லோர் கையிலும் ஒரு பெட்டி. உள்ளே ஒன்றுமில்லாத அட்டைப் பெட்டிகள். கனமாக இருப்பதுபோல் ஒரு தோளைச் சாய்த்து நடக்கச் சொல்லியிருந்தார்கள். கேமரா ஓடியது. பெரெனீஸ் முன்னால் போனாள். 'நடையில் போகும் பெண், நான்கு' மாடிப்படியிலிருந்து இறங்கி வாசல் வரைக்கும் வந்தாள். அங்கே பெட்டியைத் தரையில் வைத்தாள். படிக்கல்லில் உட்கார்ந்தாள்.

நிறுத்தச் சொன்னார்கள். உதவி இயக்குநர் ஓடிவந்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தாள். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்றாள் கிஸ்லேன். ஆனால் மறுபடி எடுத்தபோதும் அதே படியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஃபொதே அவளைப் பார்த்தான். தன் பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, நீண்ட காலை மடக்கி அவள் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"தள்ளிக்கோ. குளிருது," என்றான்.

வோக்லான் தானே எழுந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. இன்னும் நாற்பது நிமிஷம்தான் வெளிச்சம் இருக்கும் என்றார். அறுபது பேருடைய உழைப்பு உங்கள் இரண்டு பேரால் கெடுகிறது என்றார். அதற்கு ஃபொதே தலைகுனிந்தான். கிஸ்லேன் குனியவில்லை.

"வெளிய போற காட்சிக்கு வேற ஆளைப் போட்டுக்குங்க. நான் போகமாட்டேன். வேஷத்துக்குக்கூடப் போகமாட்டேன்."

சரி, இவர்களைத் தாண்டி மற்றவர்கள் போகட்டும், கேமராவைக் கொஞ்சம் உயர்த்தி எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மூன்றாவது தடவை. மற்ற குடியிருப்பாளர்கள் சிலர் படியில் அமர்ந்திருந்த இருவரையும் சுற்றிக்கொண்டு சங்கடத்தோடு வெளியே போனார்கள். கடைசியாக ஆன்செல்ம் வந்தார். மழித்த முகம், கடன் வாங்கிய தொப்பி. சொன்ன இடத்தில் நின்றார். கேமரா அவர் முகத்துக்கு நேராக வந்தது.

மேல் ஜன்னல்களில் துணி காயப்போடும் பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கிஸ்லேன் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அவர்மேல் பாரம் வைத்த மாதிரி ஆகும் என்று நினைத்தாள். சொல்லட்டும், நாற்பது வருடம் காத்திருந்தவர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆன்செல்ம் வாயைத் திறந்தார்.

"பாரிசே, நான் எங்கயும் போகல," என்றார். "போறதுக்கு எனக்கு இடமும் இல்ல, ஆசையும் இல்ல."

தொப்பியைக் கழற்றி அட்டைப் பெட்டிமேல் வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கிஸ்லேனின் இன்னொரு பக்கம் உட்கார்ந்தார். மேலேயிருந்து ஒருத்தி கைதட்டினாள். வெளியே போனவர்களில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரெனீஸும் வந்தாள். வெறும் பெட்டியைத் தூக்கிச் சுவரோரம் போட்டுவிட்டு, என் ஒப்பந்தத்தில் நடிப்பது என்றுதான் இருக்கிறது, பொய் சொல்வது என்று இல்லை என்றாள். அது சட்டப்படி சரியா என்று யாருக்கும் தெரியவில்லை. சொன்ன விதம் சரியாக இருந்தது.

வெயில் சுவரேறிப் போய்விட்டது. வோக்லான் கேமராவை மூடச் சொன்னார். பிறகு காரில் ஏறினார்.

பதினோரு பேரையும் படத்திலிருந்து நீக்கியதாக மறுநாள் கடிதம் வந்தது. வேறொரு பேட்டையில் வேறொரு முற்றத்தில், ஏஜென்சி அனுப்பிய ஆட்களை வைத்து அந்தக் காட்சியை எடுத்து முடித்தார்கள். பெரெனீஸ் ஒப்பந்தத்தை மீற முடியாமல் அங்கே போய் நடித்தாள். நடித்துவிட்டு வந்து கிஸ்லேனிடம் அதைச் சொல்லவும் செய்தாள். நீ போய்த்தான் ஆக வேண்டியிருந்தது, அது எனக்குத் தெரியும் என்றாள் கிஸ்லேன். ஆன்செல்மின் முகம் படத்தில் எங்குமே வரவில்லை. அதைப் பற்றி அவரிடம் யாரும் பேசவில்லை. அவரே ஒருநாள், நாற்பது வருடத்தில் அன்றைக்குத்தான் குரல் சரியாக நின்றது என்றார்.

ஏப்ரல் இரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு நீதிமன்ற அமீனா காகிதத்தோடு வந்தார். வாசலில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க் கடை ரொட்டிக்காரர், பள்ளிக்கூடச் சமையல்காரிகள், ஃபொதேயிடம் நடனம் பயிலும் பிள்ளைகளின் தாய்மார்கள், கறுப்புக் கண்ணாடி போட்ட பெரெனீஸ். அன்றைக்கு எவர் கையிலும் பெட்டி இல்லை. அமீனா சங்கடத்தோடு தொண்டையைச் செருமிவிட்டு, உள்ளே போக வழி விடவில்லை என்று எழுதிக்கொண்டு, போலீஸ் துணை கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். பெரெனீஸ் அங்கே இருந்ததால் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்ததால் வட்டார நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். மே மாதம் நீதிபதி அவர்களுக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்தார். ஓராண்டுதான். அதற்குமேல் ஒரு நாள்கூட எதிர்பார்க்க வேண்டாம் என்று வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

கிஸ்லேன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அன்று மாலையே நான்கு மூட்டைச் சாந்தும், இரும்புக் கம்பியும், ஒரு சுருள் கோணியும் மாடிக்கு ஏற்றச் சொன்னாள். அறை நடுவில் கம்பியை வளைத்துக் கட்ட ஆரம்பித்தாள். படிக்கல்லில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டம் அது. கம்பி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரைக்கும் போனது.

ஃபொதே வாசலில் சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கதவின் அகலத்தைக் கையை விரித்து அளந்தான்.

"கிஸ்லேன், இது இந்தக் கதவு வழியா வெளிய போகாதே."

"போகாது," என்றாள் அவள். "அந்த வாளியை இப்படித் தள்ளு."