ஆமை டேப்

நான் வரைந்த பொருளை யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்படிப்பட்டவளைத்தான், ஜனங்க என்ன குறை சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வா என்று சொந்த ஊருக்கே அனுப்பி வைத்தார்கள்.

சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. கையில் பிடித்தபடியே இன்டர்நெட் பார்க்க ஒரு டேப்லெட், சுருக்கமாக டேப், செய்கிறோம். கடை வைத்திருப்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள் என்று ஒரு கை எப்போதும் வேலையாக இருக்கிறவர்களுக்கு. அதன் உடம்பை வரைந்தது நான். மற்ற டேப்பெல்லாம் பலகை போலத் தட்டையாக இருக்கும். என்னுடையதுக்கு முதுகில் ஒரு மேடு உண்டு. பேட்டரி அந்த மேட்டுக்குள் உட்கார்ந்திருக்கும், விரல்கள் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். ஈரக் கையிலும் வழுக்காது. இத்தனை யோசித்துச் செய்ததற்கு ஆபீசில் வைத்த பெயர் ஆமை.

எங்கள் மேனேஜர் ஆனந்தராஜ் நல்ல மனிதர்தான். ஆனால் தட்டையாக இருப்பதுதான் அழகு என்று அவருக்கு ஒரு எண்ணம். "மஞ்சு, சண்டை வேண்டாம். உங்க ஊர்லயே கொஞ்ச நாள் ஜனங்க கையில குடுத்துப் பார்ப்போம். அவங்களுக்குப் பிடிச்சிருந்தா ஆமை. இல்லேன்னா தட்டை டேப்பை வெளியில வாங்கி நம்ம பேரை ஒட்டி வித்துடலாம்" என்றார். சொந்தக்காரர்களுக்கு மட்டும் கொடுக்கக்கூடாது என்று ஒரு கண்டிஷன் வேறு. நான் ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்ததெல்லாம் ஊர் ஜனம் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

செஞ்சி பக்கத்துச் சிங்கவரம்தான் எங்கள் ஊர். அங்கே அம்மா மகாலட்சுமி அங்கன்வாடி டீச்சர். ஊர்ப் பிள்ளைகளைக் கொஞ்சித் தீர்ப்பாள். என்னைப் பாராட்டி மட்டும் ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. பையிலிருந்த டேப்பை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, முதுகுல கட்டி வந்த மாதிரி இருக்குது?"

"கட்டி இல்லம்மா. பிடிச்சுக்கறதுக்கு."

"இதுக்கா இத்தினி நாளா ஊருக்கு வராம இருந்த? சரி, எனக்கு ஒண்ணு குடு."

கொடுக்கக்கூடாது என்றேன். "ஊர் ஜனத்துக்கெல்லாம் குடுப்ப, பெத்தவளுக்கு இல்லியா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நானும் தூக்கி வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் கோபத்துக்குப் பஞ்சமே கிடையாது.

மறுநாள் பஸ் ஏறி செஞ்சிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைத்தெருவில், ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவருக்குக் கேட்கும் தூரத்தில் மூன்று பேரைப் பிடித்தேன். பூக்கடை பூவாயி அக்கா, ஜாக்கெட் தைக்கும் சுமலதா, அனந்தபுரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் பாண்டுரங்கன் அண்ணன். யாரும் எங்களுக்குச் சொந்தமில்லை. எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டிக்கொடுத்துவிட்டு, நல்லதோ கெட்டதோ மனதில் பட்டதைப் போனில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டேன்.

கெட்டதை மட்டும்தான் சொன்னார்கள்.

"காளைக்குத் திமில் இருக்குது சரி, இதுக்கு எதுக்கு மஞ்சு?" என்றாள் பூவாயி அக்கா. பாண்டுரங்கன் அண்ணன், "சட்டைப் பையில போட முடியல. வெள்ளக் கலர வேற குடுத்துட்ட, அழுக்குப் பட்டுடுமோன்னு ஒரே டென்ஷன்" என்றார். சுமலதா ரொம்பப் படித்தவள் போல இழுத்து, "பரவால்லக்கா. சுமாரா இருக்குது" என்றாள். சுமார்! அந்த வார்த்தையைக் கேட்டு ஒரு நாள் முழுக்க எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. எல்லாவற்றையும் ஆனந்தராஜ் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். பாவம், சிரிப்பை அடக்கிக்கொள்ளத்தான் பார்த்தார்.

அதோடு விட்டிருந்தால் சமாளித்திருப்பேன். இரண்டாவது வாரத்தில் மூன்று பேரும் ஒரே குறையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். திரை மங்குகிறது, வெயிலில் ஒன்றுமே தெரியவில்லை, கையால் மறைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆபீசில் இருந்த டேப்பை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்ப் பார்த்தோம். பளிச்சென்று தெரிந்தது. செஞ்சியில் இருக்கும் மூன்றும் மட்டும் எப்படி ஒன்றாகக் கெடும்?

"மேட்டுக்குள்ள பேட்டரி இருக்கே, சூடு தாங்கலைன்னு நினைக்கிறேன்" என்றார் ஆனந்தராஜ். அதாவது தப்பு என் ஆமையின் முதுகில். "மூணையும் திருப்பி எடுத்துட்டு வந்துடலாம் மஞ்சு. தட்டையையே முடிவு பண்ணிடலாம்." அதட்டிச் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். ஆதரவாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவர் காரிலேயே கிளம்பினோம். பின் சீட்டில் ஒரு காலி அட்டைப்பெட்டி, டேப்களைப் போட்டுக் கொண்டுவர.

கடைத்தெருவில் போய் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. பூவாயி அக்கா மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்த ஈரக் கையோடு, டேப்பின் முதுகை இடது கையில் பிடித்து, யாரோ கல்யாண வீட்டுக்காரரிடம் வீடியோ காலில் மாலை காட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் சுமலதா தையல் மெஷின் மேலே டேப்பைப் படுக்க வைத்திருந்தாள். முதுகு மேடு முட்டுக் கொடுக்க, அது வாகாகச் சாய்ந்து நின்றது. அதில் ஜாக்கெட் மாடலைப் பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தாள். சாய்த்து வைக்கலாம் என்று எனக்கே தோன்றியதில்லை.

ஆனந்தராஜ் அதையெல்லாம் கவனிக்கவில்லை. பூவாயி அக்காவின் டேப்பை வாங்கி உற்றுப் பார்த்தார். "மஞ்சு, இங்க பாருங்க." வெள்ளை விளிம்பில், இடது பக்கம் மேல் மூலையில், ஒரு கறுப்புப் புள்ளி. சுமலதாவின் டேப்பை வாங்கினார். அதே இடத்தில் அதே புள்ளி. பாண்டுரங்கன் அண்ணன் ஆட்டோவிலிருந்து கொண்டு வந்ததிலும் அப்படியே.

"மூணுலயும் ஒரே இடம். உள்ள ஏதோ எரிஞ்சு போயிருக்கு" என்று பெருமூச்சு விட்டார்.

எனக்குப் பகீர் என்றது. அந்த மூலையில்தான் டேப்பின் வெளிச்சக் கண் இருக்கிறது. கடுகு அளவுக்கு ஒரு சின்னத் துளை. வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று அது பார்த்துச் சொன்னால், திரை அதற்கேற்பப் பிரகாசமாகும். அது எரிந்து போயிருந்தால் என் கதை முடிந்தது. புள்ளியைக் கட்டைவிரலால் தொட்டேன். விரலில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டியது.

"ஐயய்யோ, அழிக்காத மஞ்சு!" என்று அலறினாள் பூவாயி அக்கா.

முகர்ந்து பார்த்தேன். விளக்கெண்ணெய் வாசனை. கண் மை.

"அக்கா, இன்னாக்கா இது?"

"இன்னாவா? திஷ்டிப் பொட்டு. உனக்குத் தெரியாதா?"

விஷயம் இதுதான். பக்கத்து வாழைப்பழ வண்டிக்காரர் ஒரு நாள் பூவாயி அக்காவின் டேப்பை வாங்கிப் பார்த்து, "எப்பா, இன்னா அழகா இருக்குது" என்றிருக்கிறார். அன்று சாயங்காலமே அது தண்ணீர் வாளிக்குள் விழுந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை, துடைத்ததும் வேலை செய்தது. ஆனாலும் அக்காவுக்கு மனசு ஆறவில்லை. வீட்டிலிருந்து மை டப்பாவைக் கொண்டு வந்துவிட்டாள்.

"மூலைல சின்னதா ஓட்ட இருந்துச்சு. பொட்டு வெக்கத்தான் நீ இடம் விட்டுருக்கன்னு அது மேலயே வெச்சேன். அப்பறம் இவங்க ரெண்டு பேருதுக்கும் நான்தான் வெச்சேன். வெள்ளிக்கிழமையானா புதுசா வெச்சிடுவேன்."

வெளிச்சக் கண்ணை மையால் மூடினால் டேப்புக்கு எப்போதும் இருட்டுதான். இருட்டில் பிரகாசம் எதற்கு என்று அது திரையை மங்க வைத்திருக்கிறது. என் முந்தானையால் துடைத்தேன். நடு வெயிலில் திரை பளீரென்று வந்தது. மாலை வாங்க வந்தவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நிம்மதிதான். ஆனாலும் எனக்குக் கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க்கா, திமிலு, சுமாருன்னு போன்ல அந்தப் பேச்சு பேசுனீங்க. உங்களால நான் எத்தினி நாள் சோறு தண்ணி இல்லாம கெடந்தேன் தெரியுமா?"

பூவாயி அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நான் பட்டணம் போய்க் கெட்டே போய்விட்டேன் என்பது தெரிந்தது.

"நம்ம வீட்டுப் புள்ளைய நாமளே அழகுன்னு சொல்லுவமா? கண்ணு பட்டுடாது? போன் வழியா வேற, பக்கத்துல யாரு யாரு கேக்கறாங்களோ!"

"அதான் நான் சுமாருன்னு சொன்னேன்" என்றாள் சுமலதா. பாண்டுரங்கன் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டார்.

ஆனந்தராஜ் பூக்கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவரும் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்தானே. நாலு பேர் பார்க்கிற இடத்துக்குத் தூக்கிப் போகும்போது எந்தப் பிள்ளைக்குக் கன்னத்தில் பொட்டு வைப்பார்கள் என்று அவருக்கும் தெரியும். மெல்ல ஆரம்பித்த சிரிப்பு, தொப்பை குலுங்கும் வரைக்கும் போனது.

"அழகில்லாததுக்கு யாரும் திருஷ்டிப் பொட்டு வைக்கமாட்டாங்க மஞ்சு. இதை ரிப்போர்ட்ல எப்படி எழுதுறதுன்னுதான் தெரியல" என்றார். பிறகு காலி அட்டைப்பெட்டியைப் பூவாயி அக்காவிடமே கொடுத்துவிட்டார், உதிரிப்பூ போட்டு வைத்துக்கொள்ள. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைத்தெரு என்றும் பார்க்காமல் அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

ஆமையே முடிவானது. வெளிச்சக் கண்ணை மட்டும் மேல் விளிம்பின் நடுவுக்கு மாற்றினேன். பழைய மூலையில் ஒன்றுமில்லாத வெறும் வட்டம் ஒன்றை, லேசாகக் குழித்து, அப்படியே விட்டேன். அது எதற்கு என்று ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால், ஆனந்தராஜ் முந்திக்கொண்டு, "ரொம்ப முக்கியமான இடம்ப்பா" என்று சொல்லிவிடுவார்.

விற்பனைக்கு வந்த முதல் டேப்பை அம்மாவுக்குக் கொண்டு போனேன். இப்போது எந்தக் கண்டிஷனும் இல்லை. திருப்பிப் பார்த்தாள். "அந்தக் கட்டிய இன்னும் எடுக்கலியா நீ?" என்றாள். அவள் உள்ளே போய், அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு வைக்கிற மை டப்பாவை எடுத்து வந்தாள்.

"இங்க வைம்மா, இதுக்குன்னே எடம் விட்டுருக்கேன்" என்று மூலையைக் காட்டினேன்.

"தெரியும், பேசாம இரு" என்று அதட்டினாள். மோதிர விரலால் மையைத் தொட்டு, என் தாடையைப் பிடித்துத் திருப்பி, கன்னத்தில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாள். "மொதல்ல செஞ்சவளுக்கு."

சென்னை போய்ச் சேரும் வரைக்கும் நான் அதை அழிக்கவில்லை.