மேலே ஒன்று, கீழே மூன்று

வண்டி செத்துப்போனது. சும்மா ஒன்றும் சாகவில்லை. உடம்பெல்லாம் ஒரு உதறு உதறி, மூக்கால் தரையை இடிப்பதுபோல் முன்னால் குனிந்து, அப்புறம்தான் செத்தது. அதுவும் எங்கே? லைசென்ஸ் டெஸ்ட் மைதானத்தில், இன்ஸ்பெக்டரின் கண்ணெதிரே, வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கிளட்சைப் பிடித்தாள். கால் நுனியால் லிவரை மேலே தூக்கினாள். டக்கென்று கியர் விழுந்தது. கிளட்சை மெல்ல விட்டாள். மாதக்கணக்கில் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள்? மேலே ஒன்று, கீழே மூன்று. முதல் கியர் மேலே. இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் கீழே. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவளுடைய இடது கால் தப்பில்லாமல் ஒப்பிக்கும்.

"என்னம்மா, ஓட்ட வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஓட்டிடுவேன் சார். ஒரு நிமிஷம்."

இந்த முறை ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தாராளமாகவே திருகினாள். வண்டி முக்கி முனகி, மேட்டில் ஏறும் பாரவண்டி மாதிரி நகர்ந்தது. நகர்ந்ததே பெரிது என்று இரண்டாவது கியருக்காக லிவரைக் கீழே அழுத்தினாள். அவ்வளவுதான். பின்சக்கரம் கிறீச்சென்று இழுத்துப் பிடித்தது. வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. இரண்டு காலையும் தரையில் ஊன்றிச் சமாளித்தாளே தவிர, விழாதது அவள் அதிர்ஷ்டம். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"போதும்மா, இறங்கு. ஆளையும் வண்டியையும் முழுசா ஓரமா கொண்டு போய் விடு."

"சார், இன்னும் ஒரே ஒரு தடவை..."

"எல்லாரும் போகட்டும். நேரம் இருந்தா பாக்கலாம்."

நேரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஊசி பிடிக்கப் படித்தவள். நரம்பே தட்டுப்படாத கையிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள். ஆனால் அவளை உட்கார்த்தி வைத்திருந்ததோ, குப்பிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற மேஜையில். வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களிடம் ரத்தம் எடுத்து வருகிற வேலை இப்போது காலியாகியிருக்கிறது. வண்டி லேப் தரும். கியர் வண்டி. "திங்கட்கிழமை லைசென்ஸோட வந்தா வேலை உனக்கு. இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கறேன்" என்று லேப் நடத்தும் டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அந்த மேஜையை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்று அவள் எத்தனை வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தாள் என்பது அந்த அம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது!

வண்டியைத் தள்ளிக்கொண்டு சுவரோரம் போகும்போது செருப்புக்குள் கால்விரல்களை அசைத்துப் பார்த்தாள். எல்லாம் அசைந்தன. இதுதானே இடது கால்? இதுதான். அப்படியானால் மறந்துபோயிற்றா? ஒரே ராத்திரியில் எல்லாமே மறந்துபோகுமா? 'இந்த வயசுல இவளுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை' என்று மாமியார் சொன்னது காதில் கேட்டது. அந்தம்மா சொன்னது சரிதானோ? கைகளைப் பார்த்தாள். நடுங்கின. எந்த நோயாளியின் முன்னாலும் நடுங்காத கைகள்.

சுவரோரம் அவள் புருஷன் நின்றிருந்தான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். தெருவே அவனை ஐஸ்பெட்டி என்றுதான் கூப்பிடும். சில்லென்று ஆகிற பொருளைப் பிரித்து மாட்டத் தெரிந்தவனுக்குச் சூடாகிற பொருளைப் பிரித்து மாட்டத் தெரியாதா என்பது அவன் கட்சி. வாயை மூடத் தெரியாத மனுஷன், காலையிலிருந்து ஊமையாகவே இருந்தான். மைதானத்துக்கு வண்டியை ஓட்டி வந்ததும் அவன்தான். வழியெல்லாம் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. இப்போது அவன் முகத்தில் பால்சட்டியில் வாய் வைத்த பூனையின் முழி.

"ஏங்க, வண்டிக்கு என்னமோ ஆயிடுச்சு."

"வண்டிக்கு ஒண்ணும் ஆகல."

"அப்ப எனக்குத்தான் ஆயிடுச்சா?"

"ஐயய்யோ, அது இல்ல. வந்து... சரியாயிடுச்சு."

"எது சரியாயிடுச்சு?"

"கியர். நேத்து நீ வேலைக்குப் போனதும் என்ஜினைப் பிரிச்சு மாத்திட்டேன். இப்ப ஒண்ணு கீழ. மத்ததெல்லாம் மேல."

அவள் அவனையே பார்த்தாள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகப் புரிந்தது. சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை.

"டெஸ்ட்டும் அதுவுமா எதுக்குங்க தப்பா மாத்தி வச்சீங்க?"

"தப்பா மாத்தல. தப்பா இருந்ததை மாத்தினேன்."

"எது தப்பா இருந்துச்சு?"

ஐஸ்பெட்டி அவள் இடது காலைக் காட்டினான். "நீ கத்துக்கிட்டது."

விஷயம் இதுதான். போன வருடம் இந்த வண்டியின் கியர்பாக்ஸில் பல் உடைந்துபோனது. வண்டி பழசு, கடையில் பார்ட்ஸ் இல்லை. அவளுடைய அண்ணன், பஸ் டிரைவர், தன் ஷெட்டில் இதே கம்பெனி வண்டி ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். அதே டேங்க், அதே சைலன்சர், பக்கத்தில் நிறுத்தினால் இரட்டைப் பிள்ளைகள். வயதில் மட்டும் அது சில வருடம் மூத்தது. "மாப்ள, தாராளமா கழட்டிக்குங்க. ஆனா அது பழைய மாடல், உள்ள ஏதோ வித்தியாசம் உண்டு. தெரிஞ்ச மெக்கானிக் எவனையாவது கேட்டுட்டு மாட்டுங்க" என்றார் அண்ணன். மச்சான் சொல்லி மாப்பிள்ளை கேட்பதா? "எல்லாம் எனக்குத் தெரியும் மச்சான்" என்று சொல்லி, பல்சக்கரங்களோடு, கியரை மாற்றிவிடுகிற உருளையையும் கழற்றி வந்து மாட்டினான் ஐஸ்பெட்டி. கச்சிதமாக உட்கார்ந்தது. ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பழைய மாடலில் கியர் விழுகிற வரிசையே தலைகீழ்.

அதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மச்சானின் காதுக்குப் போகும். போனால் வாழ்நாள் முழுக்க, கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும், அந்த மனுஷன் அதையே சொல்லிச் சிரிப்பார். ஆகவே மாதக்கணக்கில் சிக்னலுக்குச் சிக்னல் தப்பான கியர் போட்டு, பின்னால் வருகிறவனிடம் திட்டு வாங்கி, தன் காலையே தான் வைதுகொண்டு ஓட்டினான். அந்தச் சமயத்தில்தான் அவள் வண்டி கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். "உலகத்துல எல்லா வண்டியும் இப்படித்தானா?" என்று முதல் நாளே கேட்டாள். "ஆமா" என்றான். மேலே ஒன்று, கீழே மூன்று என்று பாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தான். அவளும் நன்றாகவே கற்றுக்கொண்டாள். அதற்கு முன்னால் எதையும் ஓட்டிப் பழகாத கால் அவளுடையது; குழம்புவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"லேப் வண்டியில எல்லாம் முதல் கியர் கீழதான்" என்றான் இப்போது. "நீ அதுல ஏறி மேல தூக்கினா நடுரோட்டுல விழுந்துடுவியேன்னு பயந்துட்டேன். பழைய இரும்புக் கடைக்காரன் நம்ம மாடல் கியர் செட்டு ஒண்ணு எடுத்து வச்சிருந்தான். பாத்ததும் கை சும்மா இருக்கல. காலையில சொல்லிடலாம்னு நெனச்சேன். நீ படபடப்பா இருந்தே. வழியில சொல்லலாம்னு பாத்தேன். என் காலே என் பேச்சைக் கேக்கல. அப்புறம் சொல்றதுக்குள்ள உன்னைக் கூப்பிட்டுட்டாங்க."

அவளுக்கு வந்த கோபத்தில் அந்த வண்டியைத் தூக்கி அவன் தலையில் போட்டிருப்பாள். ஆனால் வரிசை குறைந்துகொண்டே வந்தது. திட்டுவதற்கு வாழ்நாள் கிடக்கிறது, ஓட்டுவதற்குத்தான் நேரமில்லை.

மைதானத்துக்கு வெளியே ஆள் நடமாட்டமில்லாத சந்தில் வண்டியை எடுத்தாள். அவன் கூடவே ஓடினான்.

"கீழ அழுத்து!" என்றான். கால் மேலே போனது. "மேல, மேல!" என்றான். கால் கீழே போனது. அவள் தலை ஒன்று சொன்னது, கால் ஒன்று செய்தது, அவன் வாய் மூன்றாவதாக ஒன்றைக் கத்தியது. கொஞ்ச நேரத்தில் அவனுக்கே எல்லாம் கலங்கிவிட்டது. "இப்ப மேல... இல்ல, அது பழைய மேல. இப்ப கீழ. இரு, நீ இப்ப எத்தனாவது கியர்ல இருக்கே?"

"கொஞ்சம் வாயை மூடுறீங்களா!"

அவன் மூடினான். அவள் வண்டியை நிறுத்திக் கண்ணையும் மூடிக்கொண்டாள். மேலே எது, கீழே எது என்று யோசிக்க யோசிக்க, சிக்கெடுக்கப்போய் இன்னும் சிக்காகிற நூல்கண்டு போல மூளை முறுக்கிக்கொண்டது. சொல்லிக்கொடுத்தபோது கேட்ட அவன் குரல் மட்டும் தெளிவாகக் காதில் இருந்தது. மேலே ஒன்று, கீழே மூன்று.

சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"ஆக மொத்தம், நீங்க சொல்லிக்கொடுத்ததுக்கு நேர் எதிரா செய்யணும். அவ்வளவுதானே?"

"ஆமா."

"இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? கல்யாணமான நாள்லேர்ந்து அதைத்தானே செஞ்சுக்கிட்டு இருக்கேன்."

அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. ஆகவே அவனும் சிரிக்கவில்லை.

வரிசை முடிந்திருந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். அவள் வண்டியோடு எதிரே போய் நின்றாள். அவர் வாட்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "சரி, சட்டுனு" என்றார்.

மேலே தூக்கு என்றது காதுக்குள் அவன் குரல். போய்யா என்று கீழே அழுத்தினாள். வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. எட்டு வடிவப் பாதையில் முதல் கியரிலேயே மெல்ல வளைந்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கால் தரையைத் தொடவில்லை. நேர்ப்பாதை வந்தது. கீழே அழுத்து என்றது குரல். மாட்டேன் என்று மேலே தூக்கினாள். இன்னொன்று. மேலே. கோட்டுக்கு முன்னால் பிரேக் பிடித்து, அவன் குரல் சொன்னதற்கெல்லாம் எதிராகவே கியரை இறக்கி, கோட்டின் மேலேயே நிறுத்தினாள். முதுகெல்லாம் வியர்த்து ஊற்றியிருந்தது.

"நல்லாத்தானே ஓட்டுறே! முதல்ல ஏன்மா அப்படி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சுவரோரம் ஐஸ்பெட்டி மூச்சு விடாமல் நின்றிருந்தான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"புதுச் செருப்பு சார்" என்றாள். "கால் பழகல."

அவர் பாஸ் என்று சொல்லிவிட்டுப் போனார். ஐஸ்பெட்டி முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தான். "என்னைக் காப்பாத்திட்டே! நான்தான் சொன்னேனே, நீ ஓட்டிடுவேன்னு..."

"நீங்க சொன்னீங்களா?" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "கியரை மாத்தினது பெரிய விஷயமில்ல. தப்பாச் சொல்லிக்கொடுத்தது கூடப் பெரிய விஷயமில்ல. வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தேனே, அப்ப வண்டி மேல எனக்கு சந்தேகமே வரல. வண்டிக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு வாய்தான் சொல்லுச்சு. உங்க மேல வரல. என் மேலதான் வந்துச்சு. உங்கம்மா சொன்னது சரிதான், எனக்கு இதெல்லாம் வராதுன்னு நானே நெனச்சேன். கை நடுங்குச்சுங்க. திங்கட்கிழமை இதே கையாலதான் நான் ஊசி பிடிக்கணும்."

அவன் குனிந்து கியர் லிவரைப் பார்த்தான்.

"வீட்டுக்குப் போனதும் எங்கண்ணனுக்கு போன் போட்டு நீங்களே சொல்லுங்க. அவர் சிரிக்கட்டும்."

"சரி" என்றான்.

சாவிக்காகக் கையை நீட்டினான். அவள் தரவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பின்சீட்டைக் கண்ணால் காட்டினாள். அவன் ஏறினான். அவள் தோளில் கை வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல், கடைசியில் தன் முழங்காலிலேயே வைத்துக்கொண்டான்.

"முதல் கியர் கீழதானே?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"கீழதான்."

அவள் தலையாட்டினாள். ஆட்டிவிட்டுக் குனிந்து, லிவரைக் கையாலேயே ஒருமுறை கீழே அழுத்தி, வண்டியை முன்னால் உருட்டப் பார்த்தாள்; கியர் விழுந்து சக்கரம் பிடித்துக்கொண்டது. அப்புறம்தான் கிளட்சைப் பிடித்து ஸ்டார்ட் செய்தாள்.