இடது தோள்

எங்கள் வீட்டில் இரண்டு பொம்மைகள் இருந்தோம். ஒன்று நான். இன்னொன்று அண்ணன் மகள் பாப்பா.

அண்ணி வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறாள். கல்யாண உடைகள், பிறந்த குழந்தைகளுக்கான சட்டை, தொப்பி, சின்ன மெத்தை விரிப்பு. தைத்ததை மாட்டிப் பார்க்கக் கடைகளில் ஆளுயரப் பொம்மை வைத்திருப்பார்கள். அண்ணி அதை வாங்கவில்லை. "உயிரோட ஒண்ணு வீட்ல நிக்குதே, அப்புறம் எதுக்கு?" என்றாள். அன்றிலிருந்து குழந்தை உடைகளைப் பாப்பாவுக்கும் கல்யாண உடைகளை எனக்கும் மாட்டிப் பார்த்தாள். பாப்பா வளர்ந்தாள். எந்தத் தொப்பியும் அவள் தலையில் இறங்காமல் போனதும் அவளுக்கு விடுதலை கிடைத்தது. நான் அதற்கு மேல் வளரவில்லை.

"பொம்மை, இங்க வா" என்றால் இப்போது நான் மட்டும்தான்.

சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து எனக்குத் தோள் எலும்பு முறிந்தது. சேர்ந்துவிட்டது, ஆனால் இடது பக்கம் கொஞ்சம் இறங்கிச் சேர்ந்தது. சாதாரண உடையில் தெரியாது. கழுத்து அகலமான கல்யாண உடையில் தெரியும். இடது பக்கம் நழுவும். அண்ணி அதை மேலே இழுத்துக் குண்டூசி குத்தி நிறுத்துவாள். "கட்டிக்கப்போறவளுக்கு நேர்த் தோள். உனக்குத்தான் தராசு சாஞ்ச மாதிரி" என்பாள். எத்தனையோ பேருடைய உடை என் மேல் ஏறி இறங்கியிருக்கிறது. ஒன்றுகூட எனக்குச் சரியாக உட்கார்ந்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இது வேறொருத்தியுடையது என்று தோள் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும்.

நான் வேதியியல் படித்தேன். தேர்வு முடிந்த வாரம் அண்ணிக்கு அவசரமாக ஒரு ஆர்டர் வந்தது. "இது ஒண்ணுக்கு மட்டும் கை கொடு" என்றாள். கொடுத்தேன். என் தையல் நேராக இருந்தது. அதுதான் நான் செய்த தவறு. கல்யாணம் முடிந்தால் குழந்தை, அந்தக் குழந்தை முடிந்தால் அடுத்த கல்யாணம். உலகத்தில் இரண்டும் நிற்பதில்லை.

என் கட்டிலின் மேல் பலகை போட்டு வெட்டும் மேசை ஆக்கினார்கள். படுக்கும் நேரத்தில் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படுப்பேன். முதுகில் எங்காவது ஒரு குண்டூசி இருக்கும். என் பாடப்புத்தகங்கள் துணி நகராமல் இருக்க மேலே வைக்கும் பாரங்கள் ஆயின. கரிம வேதியியல் நல்ல தடிமன். அதற்கு வேலை இல்லாத நாளே இல்லை.

யாருக்கும் சொல்லாமல் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். ரயிலில் போக வேண்டிய ஊர். கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். வருகிறேனா இல்லையா என்று சனிக்கிழமை மாலைக்குள் சொல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

சொல்லத்தான் நினைத்தேன். ஒரு காலையில் அண்ணி என் முன்னால் மண்டியிட்டு உடையின் கீழ் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒரு விஷயம்."

"ம்ம்." அவள் வாயில் குண்டூசிகள்.

"நான் ஒரு வேலைக்கு..."

"ம்ம்ம்?" ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். எல்லாம் தீர்ந்த பிறகு நிமிர்ந்தாள். "என்ன சொன்னே? வேலையா? இன்னைக்கு இது முடிஞ்சா போதும். நாளைக்கு ரெட்டைக் குழந்தைக்காரங்களோட வேலையைப் பாரு."

இன்னொரு நாள் அண்ணனிடம் சொல்லப் போனேன். அவன் பார்சல் கட்டிக்கொண்டிருந்தான். "இந்த முடிச்சு மேல விரலை வை" என்றான். வைத்தேன். கட்டி முடித்ததும், "சரி, போ" என்றான்.

கிணற்றில் போட்ட கல் என்று என்னைச் சொல்வார்கள். கல்லுக்குக் கிணறு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வாரம் அண்ணி ஒரு புதுக் கல்யாண உடை தைக்க எடுத்தாள். யானைத் தந்த நிறத் துணி, நல்ல கனம். எப்போதும் அவள் வெட்டுவாள், நான் தைப்பேன். இந்த முறை தோளையும் கழுத்தையும் அவளே கதவைச் சாத்திக்கொண்டு தைத்தாள். "மேல் பாகம் நான் பாத்துக்கறேன். நீ பட்டனைப் போட்டு, ரெண்டு பக்கமும் ஓட்டிக் கொடு" என்றாள். நான் கேட்கவில்லை. முதுகு நெடுகத் துணி சுற்றிய சின்னப் பட்டன்கள் வைத்தேன். எதிர்ப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு துணி வளையம். "இறுக்கமா வை, நழுவக் கூடாது" என்றாள். இறுக்கமாகவே வைத்தேன். பக்கங்களைக் கையால் ஓட்டுத் தையல் போட்டு இணைத்தேன். அது பிரிப்பதற்காகவே போடும் நீளத் தையல். ஒரு முனையில் மட்டும் முடிச்சு இருக்கும். உடை ஆளுக்குப் பொருந்திய பிறகுதான் மெஷினில் நிரந்தரத் தையல்.

கல்யாணத் துணியில் மிச்சம் வருவதில் முதல் குழந்தைக்கு ஒரு தொப்பி தைத்து உடையோடு கொடுப்பது அண்ணியின் யோசனை. வாங்க வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்ததும் சிரித்துவிடுவார்கள். இந்த உடைக்கும் தொப்பித் துண்டுகள் வெட்டி, கரிம வேதியியலின் கீழ் வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மாலை கூப்பிட்டாள். "பொம்மை, வா. மாட்டிப் பாத்துடலாம்."

தலை வழியாக இறக்கினாள். பின்னால் நின்று கீழிருந்து மேலாகப் பட்டன்களைப் போட்டாள். வளையங்கள் புதிது என்பதால் ஒவ்வொன்றுக்கும் மூச்சை இழுத்துப் பிடித்தாள். பிறகு முன்னால் வந்து பார்த்தாள். அவள் கை குண்டூசிப் பெட்டிக்குப் போகவில்லை.

கண்ணாடியைப் பார்த்தேன். இடது தோள் நழுவவில்லை. வலது பக்கத்தைவிட ஒரு விரல் கீழே, என் எலும்பு இறங்கிய அதே இடத்தில், துணியும் இறங்கி உட்கார்ந்திருந்தது.

"யாருக்கு அண்ணி இது?"

"அழகா இருக்கில்ல?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "ஒரு சுருக்கம் இல்ல பாரு."

"யாருக்கு?"

வாசலில் மணி அடித்தது. "அப்படியே இரு. உக்காராதே, மடிப்பு விழும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

முன்னறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். வந்தது லேஸ் கடை அம்மா என்று குரலிலேயே தெரிந்தது. அவருடைய மகன்தான் எங்களுக்கு லேஸ் சுருள்களைக் கொண்டுவருபவர். கதவருகில் வைத்துவிட்டு, "வச்சிட்டேன்" என்பார். நான் "சரி" என்பேன். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

"பொண்ணு எங்க?" என்றார் அந்த அம்மா.

"உள்ள இருக்கா. இப்ப வந்துடுவா" என்றாள் அண்ணி.

"எங்க வீட்ல எல்லாரும் வாயாடிங்க. இவ தாங்குவாளா?"

அண்ணன் சிரித்தான். "அவ ஒரு வார்த்தை பேசமாட்டாங்க. கொடுத்த வேலையைச் செய்வா. தங்கம்."

"ரெண்டு தெருதானே" என்றாள் அண்ணி. "தம்பி கடை திறக்க வர்றப்ப வண்டியில இங்க இறக்கி விட்டுடட்டும். சாயங்காலம் கூட்டிட்டுப் போகட்டும். மெஷின் இங்கயே இருக்கும், அவளுக்குப் புது இடம்னே தெரியாது."

"லேஸும் நம்மளது, மெஷினும் நம்மளது. அளவெடுத்து வெட்டின மாதிரில்ல அமைஞ்சிருக்கு!" என்றார் அந்த அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட கேட்டீங்களா?"

"அவ என்ன சொல்லப்போறா?" என்றான் அண்ணன். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பெருமையாகத்தான் சொன்னான்.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். விரல் நுனி நடுப் பட்டனைத் தொட்டது. வளையம் அசையவில்லை. மேலிருந்து முயன்றேன், கீழிருந்து முயன்றேன். என் வேலை நன்றாக இருந்தது. புத்தகத்தின் கீழிருந்து தொப்பித் துண்டின் வளைந்த விளிம்பு தெரிந்தது. உடை, தொப்பி, இரண்டு தெரு. எல்லாம் வெட்டி வைத்தாகிவிட்டது. தைக்க வேண்டியது மட்டும் பாக்கி, அதற்குத்தான் நான் இருக்கிறேன்.

மெஷின் மேல் துணிக் குவியலுக்குள் போன் அடித்தது.

குனிய முடியவில்லை. நேராக நின்றபடி கையை நீட்டித் துழாவி எடுத்தேன்.

"பரிசோதனைக் கூடத்துலேருந்து பேசறோம். சேர்றீங்களா இல்லையாம்மா? நாங்க கிளம்பற நேரம்" என்றது ஒரு பெண் குரல்.

"வர்றேன் மேடம்."

"கேக்கல."

"வர்றேன்."

"அம்மா, இங்க மெஷின் ஓடுது. சத்தமா சொல்லுங்க. வரலைன்னு எழுதிக்கவா?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் டீ டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. என் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. அதுவரை அளந்து பார்த்ததில்லை.

"வர்றேன்! திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்கறேன்!"

"அட, காது கிழியுது. சரி, வாங்க" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

முன்னறையில் பேச்சு நின்றுவிட்டது. அண்ணி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"எங்க வர்றே? யார்கிட்ட வர்றே?"

"வேலை கிடைச்சிருக்கு அண்ணி. தண்ணி பரிசோதிக்கிற வேலை."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்ல வந்தேன்."

"எப்போ வந்தே?"

"தினமும்."

அவள் கட்டில் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். குரலில் கோபத்தைவிடக் களைப்பு அதிகம். "உன்னைத் தூரமா அனுப்பக் கூடாதுன்னுதானே பக்கத்திலேயே பாத்தேன். இந்தத் தோளை வெட்ட நான் எத்தனை தடவை காகிதத்தை மாத்தி மாத்தி வரைஞ்சேன் தெரியுமா? நீ தூங்கறப்ப பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு கவனமாக என்னை யாரும் அளந்ததில்லை. கேட்டதும் இல்லை.

"அவங்க காத்திருக்காங்க" என்றாள். "இப்படியே வந்து நின்னுட்டுப் போயிடு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

அந்த அப்புறம் எனக்குத் தெரியும். நான் இந்த வீட்டில் கேட்ட எல்லா அப்புறங்களும் இந்த அறையில்தான் அடுக்கிக் கிடக்கின்றன.

"பட்டனை அவுத்து விடுங்க அண்ணி."

அவள் எழுந்து என் பின்னால் வந்தாள். மூச்சு என் கழுத்தில் பட்டது. கை பட்டனைத் தொடவில்லை. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, ரெடியா?" என்று முன்னறையிலிருந்து அண்ணன் கூப்பிட்டான்.

இடது அக்குளுக்குள் விரலை விட்டேன். நான் போட்ட முடிச்சு, நான் போட்ட இடத்திலேயே இருந்தது. பிடித்து இழுத்தேன். நூல் முழு நீளத்துக்கும் வழுக்கிக்கொண்டு வந்தது. அக்குளிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை துணி சத்தமில்லாமல் திறந்தது. காற்று உள்ளே வந்தது.

அண்ணி பதறித் துணியைப் பிடித்துக்கொண்டாள், தரையில் படாமல்.

"கிழியல அண்ணி" என்றேன்.

"தெரியும்" என்றாள். "நீ தைச்சதாச்சே."

தலை வழியாகக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். கொக்கியில் தொங்கிய என் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். பட்டன்கள் முன்னால் இருந்தன. அண்ணி உடையை இரண்டு தோள்களிலும் பிடித்துத் தூக்கியபடி நின்றாள். உள்ளே ஆள் இல்லை. ஆனாலும் இடது பக்கம் இறங்கியிருந்தது.

"வர்றேன்" என்று முன்னறைக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன்.