தம்பிதுரை கை தட்டின கதை

காரமடைத் தம்பிதுரைக்குக் கை தட்டத் தெரியாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். நன்றாகவே தட்டுவார். கல்யாண மண்டபத்தில் யாராவது சுருதி தப்பிப் பாடினாலும் தட்டுவார். பள்ளிக்கூட விழாவில் எவர் வீட்டுப் பிள்ளையோ மேடையில் நின்று அழுதால்கூட, பாவம் என்று நாலு தட்டுத் தட்டிவிட்டு வருவார். அவர் தட்டாதது ஒரே ஒருத்திக்குத்தான். அவள் அவர் பெற்ற மகள் லோகப்பிரியா.

லோகப்பிரியா டென்னிஸில் உலகத்தின் முதல் பத்துப் பேருக்குள் இருந்தவள். பாரிஸிலும் மெல்போர்னிலும் அவளுக்காக எழுந்து நின்று தட்டியவர்களை வரிசையில் நிறுத்தினால், காரமடையில் ஆரம்பித்து மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறிவிடும். அந்த வரிசையில் அப்பன் மட்டும் கிடையாது.

அவள் ஆட்டம் கற்றது மயில்களிடம். தம்பிதுரைக்குக் கறிவேப்பிலைத் தோட்டம்; ஓரமாகக் கொஞ்சம் தக்காளி. தக்காளி பழுக்கிற நாள் தம்பிதுரைக்குத் தெரிகிறதோ இல்லையோ, மயில்களுக்குத் தெரிந்துவிடும். மயிலை அடிக்க முடியுமா? முருகன் ஏறுகிற வாகனம். அடித்தால் மேலே அவருக்கும் பதில் சொல்ல வேண்டும், கீழே வனத்துறைக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே எட்டு வயது லோகப்பிரியா ஒரு பழைய ராக்கெட்டை எடுத்துக்கொண்டு, மயிலின் மேல் படாமல் அதன் அலகுக்குச் சரியாக அரை அடி முன்னால் பந்தை இறக்கக் கற்றாள். அதில் ஒரு கிழ மயில் பெரிய கெட்டி. பந்து கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் நகராது. அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த தக்காளிக்குப் போகும். பிற்காலத்தில் எத்தனையோ நடுவர்களைப் பார்த்துவிட்டாள், அந்த மயிலைப் போல ஒருத்தரும் கறாராக இல்லை என்பாள்.

சர்வீஸ் போடக் கற்றது லாரியிடம். கறிவேப்பிலைக் கட்டைக் கீழே இருந்து லாரி மேல் நிற்கிற ஆளுக்கு எறிய வேண்டும். ஒரு நாள் கொஞ்சம் வேகமாக எறிந்துவிட்டாள். கட்டு லாரியைத் தாண்டி, தோட்டத்து ஓரமாகப் போன ரயிலில் விழுந்து, மேட்டுப்பாளையத்தில் இறங்கி விலைபோனது. நம்பாதவர்களுக்குத் தம்பிதுரை பெட்டியைக்கூடச் சொல்வார். கடைசிப் பெட்டி.

இப்படியெல்லாம் வளர்ந்த பெண்ணுக்கு அவர் ஏன் தட்டவில்லை என்றால், ஒரு தடவை தட்டிவிட்டார். அதுதான் வினை. அவளுக்குப் பன்னிரண்டு வயது. கோயமுத்தூரில் மாவட்டப் போட்டி. மகள் அடித்த அடியில் எதிரே ஆடிய பிள்ளை ராக்கெட்டைக் கீழே போட்டுவிட்டது. தம்பிதுரை எழுந்து, "என்ற புள்ளடா!" என்று கத்தி, பலமாகக் கை தட்டினார். அடுத்த பந்துக்கு ஓடிய பிள்ளை, கீழே கிடந்த இன்னொரு பந்தை மிதித்துக் கால் பிசகி விழுந்தது.

"மெச்சிப்போட்டீங்க," என்றாள் அவர் மனைவி வள்ளியாத்தாள். "பெத்தவரே இப்படிக் கண்ணு வெச்சா, புள்ள என்னத்துக்கு ஆகும்?"

அன்றோடு முடிந்தது. அப்பா தட்டக்கூடாது, அம்மா தட்டக்கூடாது, சித்தப்பன், பெரியப்பன், மாமன், மச்சான் ஒருத்தரும் தட்டக்கூடாது. வெளிநாட்டு ஆட்டங்களை டிவியில் பார்க்கும்போது குடும்பமே உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காரும். அவளும் அங்கே ஜெயித்துக்கொண்டே இருந்தாள். பலிக்கிறது பார் என்றார்கள்.

ஆனால் கோயமுத்தூரில் மட்டும் அவள் கோப்பை ஜெயித்ததே இல்லை. உலகத்தையே சுற்றி அடித்தவள், அவிநாசி ரோட்டுப் பக்கத்து மைதானத்துக்கு வந்தால் தோற்றாள். பயிற்சியாளர் கிருபாசங்கர் அதற்குத் தட்பவெப்பம், தரை, காற்று என்று என்னென்னவோ காரணம் சொன்னார். காரணம் எளிது. வெளியூரில் தட்ட ஆள் இருந்தது. இங்கே பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். மீதிப்பேர் சொந்தக்காரர்கள் சொல்லிவைத்தவர்கள்.

இந்த வருடக் கோயமுத்தூர்ப் போட்டியோடு ஆட்டத்தை விடுவதாக லோகப்பிரியா அறிவித்தாள். கடைசிப் போட்டி, சொந்த ஊர், இறுதி ஆட்டம் வரைக்கும் வந்தும்விட்டாள். எதிரே செக் நாட்டுப் பெண் யிட்கா. அங்கேதான் தம்பிதுரை ஒரு காரியம் செய்தார்.

இறுதி ஆட்டம் வரைக்கும் வருவோம் என்று யிட்காவே நினைக்கவில்லை. ஓட்டல் அறையை முன்னதாகவே காலி செய்வதாகச் சொல்லியிருந்தாள். வைகாசி முகூர்த்தம், அறையை ஒரு மாப்பிள்ளை வீட்டார் பிடித்துக்கொண்டார்கள். அரையிறுதி முடிந்து, மைதானத்து வாசலில் பெட்டிகளோடு நின்றாள். காரை எடுக்க வந்த தம்பிதுரை அவளைப் பார்த்து, எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னார்.

"வாங்க அம்மணி, ஊட்டுக்கு வந்து ஒருவாய் சாப்பிட்டுப் போலாம். கம், கம்."

அபராதம் போட்ட போக்குவரத்துப் போலீஸ்காரரிடமும் அவர் இதைத்தான் சொல்லியிருக்கிறார். சொன்னால், "இருக்கட்டுங்க, இன்னொரு நாளைக்கு வாரேனுங்க" என்று பதில் வரவேண்டும். அதுதான் முறை. பாவம், யிட்காவுக்கு அது தெரியாது. பெட்டிகளைக் காரின் பின்னால் ஏற்றிவிட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

வந்த விருந்தாளியை எப்படித் தள்ளுவது? ஏசி உள்ள அறை ஒன்றே ஒன்று, அது லோகப்பிரியாவின் அறை. அது யிட்காவுக்குப் போனது. உலகத்தின் முதல் பத்துப் பேருக்குள் இருந்தவள் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தாள். வள்ளியாத்தாள் அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யைக் கவிழ்த்து, யிட்கா போதும் என்று கையைக் காட்டக் காட்ட, கை காட்டிய இடத்திலேயே இன்னொரு கரண்டி வைத்தாள். கிருபாசங்கர் இதைக் கேள்விப்பட்டு உள்ளுக்குள் மகிழ்ந்தார். விருந்தாளிக்கு வயிறு கனத்து ஓட முடியாது என்பது அவர் கணக்கு. யிட்கா மறுநாள் காலையில் எழுந்து தோட்டத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு, "பசிக்கிறது" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் பலகாரம் சந்தகை, கொங்கு நாட்டு இடியாப்பம். லோகப்பிரியா அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இன்னைக்கோட முடிஞ்சுதுங்க."

"தெரியுங் கண்ணு."

"ஒண்ணு கேக்கட்டுங்களா? நான் நல்லா ஒரு பாயிண்ட் எடுக்கறப்ப, நீங்க ஒருக்கா கை தட்டோணும்."

தம்பிதுரையின் கை சந்தகைத் தட்டிலேயே நின்றது. "கண்ணு பட்டுப்போட்டா?"

"படட்டுமுங்க. நாளையிலிருந்து எனக்கு வேலையே இல்ல. எந்தக் காலு சுளுக்குனா என்ன போச்சு? இத்தன வருசத்துல வெள்ளக்காரன் தட்டிக் கேட்டுட்டேன், சீனாக்காரன் தட்டிக் கேட்டுட்டேன். எங்கப்பன் தட்டித்தான் கேக்கல."

தம்பிதுரை மகளைப் பார்க்காமல், எதிரே உட்கார்ந்திருந்த யிட்காவைக் காட்டினார். "வள்ளி, அந்தப் புள்ளைக்கு இன்னொரு ஈடு போடு, எல காலியாக் கெடக்குது பாரு," என்றார்.

மைதானம் நிறைந்திருந்தது. சென்னிமலைச் சொந்தக்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். தம்பிதுரைக்குப் பக்கத்தில் அவருடைய சிநேகிதர் திருமலைசாமி, ஆர்.எஸ்.புரத்தில் மோட்டார் பம்பு விற்கிறவர், வாயைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

யிட்கா முதல் பாயிண்டை எடுத்தாள். ஒட்டுமொத்தக் கூட்டமும் தட்டியது. நம் வீட்டில் சாப்பிட்ட பிள்ளை, தட்டாமல் இருந்தால் மரியாதையா? அடுத்த பாயிண்டை லோகப்பிரியா எடுத்தாள். கோயில் கதவு சாத்தின மாதிரி நிசப்தம். சென்னிமலைப் பெரியம்மா ஒருத்தர் மட்டும், "ம்" என்றார். அவரையும் நாலுபேர் திரும்பி முறைத்தார்கள்.

"ஏனுங்ணா," என்றார் திருமலைசாமி. "இது யாரோட ஊரு? எனக்குச் சந்தேகமா இருக்குதுங்க."

"பேசாம ஒக்காரு தம்பி."

"அந்தச் செக்குப் புள்ளைக்கு ஒரு ரேசன் கார்டும் வாங்கிக் குடுத்துப்போடுங்ணா. தோதா இருக்கும்."

முதல் செட் யிட்காவுக்கு. இரண்டாவதை லோகப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். அதற்கும் ஒரு "ம்". மூன்றாவதில் நாலுக்கு ஐந்து என்று பின்தங்கினாள். இன்னும் ஒரு கேம் போனால் எல்லாம் போனது. இடம் மாறுகிற இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, நேராக அப்பாவைப் பார்த்தாள். கையால் ஒன்றும் காட்டவில்லை. சும்மா பார்த்தாள்.

தம்பிதுரை தொடைக்கு அடியில் இருந்த கைகளை வெளியே எடுத்தார். மறுபடி உள்ளே வைத்தார். தட்டினால் விழுந்துவிடுவாள். தட்டாவிட்டால் தோற்றுவிடுவாள். நெற்றியில் வேர்வை வழிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் தானாகத் தட்டிவிடுமோ என்று துடைக்கவும் இல்லை.

"ஏனுங்க," என்றாள் வள்ளியாத்தாள். "கண்ணு இருக்குதா இல்லியான்னு பாத்துப்போடலாமுங்க."

எங்கே போனாலும் அவள் பையில் முடிந்து வைத்திருப்பது உப்பு, கடுகு, வரமிளகாய். அதைக் கையில் எடுத்து எழுந்தாள். மகள் தூரத்தில் இருப்பதால் வட்டம் பெரிதாகப் போட வேண்டியிருந்தது. கையை முழுசாக நீட்டி மூன்று சுற்றுச் சுற்றினாள். பின் வரிசைக் கல்லூரிப் பையன்கள் இது ஏதோ புதுவிதமாக உற்சாகப்படுத்துவது என்று நினைத்து அவர்களும் சுற்றினார்கள். பிறகு விடுவிடென்று படியிறங்கினாள். பார்வையாளர் மாடத்துக்கு அடியில் பஜ்ஜிக் கடை. கடைக்காரர் "அக்கா, அக்கா" என்று தடுப்பதற்குள் அத்தனையையும் எரிகிற அடுப்பில் போட்டாள்.

இதன் கணக்கு கொங்கு நாட்டில் எல்லாருக்கும் தெரியும். மிளகாய் எரிந்தும் நெடி வரவில்லை என்றால் கண் பட்டிருக்கிறது. நெடி வந்தால் கண்ணே இல்லை.

நெடி வந்தது. அப்படி இப்படி அல்ல. முதலில் திருமலைசாமி இருமினார். அன்றைக்கு அவர் வாய் அடைத்தது அப்போது ஒன்றுதான். பிறகு மாடம் முழுக்க இருமியது. புகை மைதானத்துக்குள் இறங்கி, உயரமான நாற்காலியில் இருந்த நடுவரைப் பிடித்தது. அவர் ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிக்கப் போய், கோயமுத்தூர் முழுவதும் கேட்கிற மாதிரி இருமினார். ஆட்டம் நின்றது. யிட்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இருமினாள். லோகப்பிரியா இருமிக்கொண்டே சிரித்தாள். அவளுக்குக் கணக்குத் தெரியும்.

வள்ளியாத்தாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்தாள். "இல்லவே இல்லீங்க. சுத்தமா ஒண்ணுங் கெடையாது. தட்டுங்க."

"அப்ப அன்னைக்குக் காலு பெசகுனது?"

"பந்து கெடந்துச்சு, மிதிச்சா."

"அப்ப இத்தன வருசம்..."

தம்பிதுரை இரண்டு தடவை இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் நெடி.

புகை கலைந்து ஆட்டம் தொடர்ந்தது. லோகப்பிரியா பந்தைத் தூக்கிப் போட்டாள். லாரிக்குக் கட்டு எறிகிற அதே வீச்சு. யிட்கா ராக்கெட்டைத் தூக்குவதற்குள் பந்து பின்னால் போய்ச் சுவரில் மோதியது. நிசப்தம். அதற்குள்ளிருந்து ஒரு சத்தம். லாரி டயர் வெடித்தது என்று வெளியே ரோட்டில் டிரைவர்கள் இறங்கிப் பார்த்தார்களாம். தம்பிதுரை தட்டியிருந்தார்.

"என்ற புள்ளடா!" என்றார்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. சித்தப்பன் தட்டினான், பெரியப்பன் தட்டினார், "ம்" போட்ட பெரியம்மா இரண்டு கையிலும் செருப்பை எடுத்துக்கொண்டு தட்டினார். அத்தனை வருடம் சேர்த்து வைத்த தட்டு. லோகப்பிரியா அப்படியே நின்று கேட்டாள். நடுவர் "தயவுசெய்து அமைதி" என்று கெஞ்சினார். கேட்பார் இல்லை.

ஐந்துக்கு ஐந்து. ஆறுக்கு ஐந்து. கடைசிப் பந்துக்கு யிட்கா காற்றாகப் பறந்து வந்து, உடம்பை முழுக்க நீட்டி, ராக்கெட்டை நீட்டினாள். பந்து அதற்கு அரை அடி முன்னால், கோட்டின் மேல் இறங்கியது. கிழ மயில் இருந்திருந்தால் நகர்ந்திருக்கும்.

யிட்கா எழுந்து வந்து லோகப்பிரியாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு மாடத்தைப் பார்த்துத் தானும் கை தட்டினாள். விருந்தாளி, அவளுக்கும் மரியாதை தெரிந்திருந்தது.

தம்பிதுரைக்கு நிறுத்த முடியவில்லை. கோப்பை கொடுக்கும்போது தட்டினார். கோப்பை கொடுத்தவருக்கும் தட்டினார். "போதுமுங்ணா, கை செவந்துபோச்சு" என்று திருமலைசாமி இழுத்தும் தட்டிக்கொண்டே படியிறங்கினார். கை தட்டுகிறவன் கைப்பிடியை எப்படிப் பிடிப்பான்? கடைசிப் படியில் கால் பிசகி, பொத்தென்று உட்கார்ந்தார்.

லோகப்பிரியா கோப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அப்பா! வலிக்குதுங்களா?"

கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கிக்கொண்டிருந்தது. தம்பிதுரையின் முகத்தில் வலியைக் காணோம். உலகத்திலேயே நிம்மதியான மனிதனைப் போல வள்ளியாத்தாளை நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்தியா வள்ளி? கண்ணு இருந்துச்சு! நான் சொல்லல? நம்ம புள்ளைய உட்டுப்போட்டு என்னையப் புடிச்சுக்கிச்சு. உன்ற மொளகாதான் சரியில்ல."

அப்போது அந்தப் பக்கமாக, கண் இன்னும் சிவந்திருந்த நடுவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். தம்பிதுரை தரையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினார்.

"ஏனுங்க சார், ஊட்டுக்கு வந்து ஒருவாய் சாப்பிட்டுப் போலாம். கம், கம்."

நடுவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பையைக் காரின் பின்னால் ஏற்றினார்.